பழைய பிக்கப் வண்டியின் ஸ்டீயரிங் தளர்ச்சி: குறை இருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

அமெரிக்காவில் 1973 முதல் 1987 வரை விற்பனையான செவ்ரலே சி வரிசைப் பிக்கப் வண்டிகளில் பல இன்றும் ஓட்டத்தில் இருக்கின்றன. எஞ்சின் நன்றாக இருக்கும் வண்டியிலும் முன்பக்கம் தளர்ந்திருப்பது சாதாரணம். நேர்ச்சாலையில் வண்டி இடமும் வலமுமாக அலையும். ஸ்டீயரிங்கை ஓரளவு திருப்பிய பிறகே சக்கரம் அசையும். மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது வண்டி தானாகவே ஒரு பக்கம் விலகும். உடனே உரிமையாளர்கள் பலர், சக்கரங்களைத் திருப்பும் தண்டுகளான டை ராடுகளின் முனைகளை மாற்றுகிறார்கள். குறை தீராவிட்டால், ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரங்களின் பக்கம் அனுப்பும் பற்சக்கரப் பெட்டியான ஸ்டீயரிங் பாக்ஸையும் மாற்றுகிறார்கள். ஒரே அறிகுறியை ஐந்தாறு பாகங்கள் உண்டாக்கக்கூடும் என்பதால் இந்த முறையில் பணம்தான் வீணாகிறது. ஓட்டுநரின் கையிலிருந்து டயர் வரை அசைவு செல்லும் பாதையைப் படிப்படியாகத் தொடர்ந்து, அது எந்த மூட்டில் தொலைகிறது என்று கண்ணால் பார்ப்பதே நம்பத்தகுந்த வழி.

அந்தப் பாதை நீளமானது. ஸ்டீயரிங் தண்டின் கீழ்முனையில், ரப்பரும் துணியும் சேர்ந்த வட்டத் தகடு ஒன்று தண்டை ஸ்டீயரிங் பாக்ஸுடன் இணைக்கிறது. பாக்ஸிலிருந்து கீழிறங்கும் பிட்மன் ஆர்ம், வண்டியின் குறுக்கே கிடக்கும் சென்டர் லிங்க்கைத் தள்ளுகிறது. சென்டர் லிங்க்கின் மறுமுனையை, சேஸிஸில் பொருத்தப்பட்ட ஐட்லர் ஆர்ம் தாங்கிப் பிடிக்கிறது. சென்டர் லிங்க்கிலிருந்து இரு பக்கமும் பிரியும் டை ராடுகள் சக்கரங்களைத் தாங்கும் நக்கிள்களைத் திருப்புகின்றன. இந்தப் பாதையில் எங்கு தேய்மானம் ஏற்பட்டாலும் ஓட்டுநருக்கு அது ‘ஸ்டீயரிங் பிளே’, அதாவது ஸ்டீயரிங்கின் வீண் அசைவு, என்ற ஒரே உணர்வாகத்தான் தெரியும்.

ஆனால் எல்லா இடத்துத் தேய்மானமும் ஒரே அளவில் கைக்கு வருவதில்லை. ரப்பர் இணைப்பில் 5 பாகைத் தளர்ச்சி இருந்தால் கையிலும் அதே 5 பாகைதான் தெரியும். பாக்ஸுக்குப் பிந்தைய மூட்டுகளிலோ பாக்ஸின் பல்விகிதம் அதைப் பெருக்கிவிடுகிறது. பிட்மன் ஆர்மின் நீளம் 15 செ.மீ., பல்விகிதம் 17 (ஸ்டீயரிங் 17 பாகை திரும்பினால் பிட்மன் ஆர்ம் 1 பாகை திரும்பும்), ஸ்டீயரிங் வளையத்தின் ஆரம் 20 செ.மீ. என்று கொண்டு கணக்கிட்டால், பிட்மன் ஆர்மின் முனை மூட்டில் உள்ள 1 மி.மீ. தளர்ச்சி வளையத்தின் விளிம்பில் 2 செ.மீ.க்குச் சற்று அதிகமான வீண் அசைவாக மாறுகிறது. கண்ணுக்கு அற்பமாகத் தோன்றும் தேய்மானம் ஓட்டுநரை இவ்வளவு தொந்தரவு செய்வதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே முதல் சோதனையை ஜாக்கி வைக்காமல், சக்கரங்கள் நான்கும் தரையில் நிற்கும்போதே செய்ய வேண்டும். பார்க்கிங் பிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, உதவியாளர் ஒருவரை ஓட்டுநர் இருக்கையில் அமரச் செய்து, ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாகச் சிறிதளவு, விடாமல் ஆட்டச் சொல்ல வேண்டும். பவர் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். நிறுத்தி வைத்தால், வால்வை இயக்கும் முறுக்குத் தண்டின் இயல்பான முறுக்கமும் சேர்ந்து, இல்லாத தளர்ச்சியை இருப்பதுபோல் காட்டும். சோதிப்பவர் கீழே படுத்து, ஒவ்வொரு மூட்டின் இரு பக்கங்களிலும் விரல்களை வைத்து உணர வேண்டும். ஒரு பக்கம் அசைந்த பின்னரே மறுபக்கம் அசைந்தால் தேய்மானம் அந்த மூட்டில்தான். டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு சக்கரத்தைப் பிடித்துக்கொள்வதால், சாலையில் ஏற்படுவது போன்ற எதிர்விசை மூட்டுகளுக்குக் கிடைக்கிறது. சக்கரத்தைத் தூக்கிவிட்டால் அந்த எதிர்ப்பு நீங்கி, தேய்ந்த மூட்டும் நல்ல மூட்டைப் போலச் சேர்ந்தே நகரும். நான் அறிந்த சோதனைகளில் இதற்கு இணையாக வேறொன்றும் இல்லை. கருவி எதுவும் தேவையில்லாத இதைத்தான் பலர் செய்யாமல் விடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது.

இந்த வண்டிகளில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ஐட்லர் ஆர்மை. அது கிடைமட்டமாகச் சுழல வேண்டுமே தவிர மேலும் கீழும் ஆடக் கூடாது. ஜெனரல் மோட்டார்ஸின் சேவை முறைப்படி, அதன் முனையில் ஏறத்தாழ 25 பவுண்டு, அதாவது சுமார் 11 கிலோ விசையைச் செலுத்தி, மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு நகர்கிறது என்று அளக்கிறார்கள். ஒரு திசையில் எட்டில் ஒரு அங்குலத்துக்கு, சுமார் 3 மி.மீ.க்கு மேல் போனால் மாற்றியாக வேண்டும். இந்த ஆட்டம் ஏன் இவ்வளவு கெடுதல் செய்கிறது? சஸ்பென்ஷன் மேலும் கீழும் போகும்போது, டை ராடின் வெளிமுனை வரையும் வளைவு, சக்கரத்தைச் சேஸிஸுடன் இணைத்து மேலும் கீழும் அசையவிடும் கன்ட்ரோல் ஆர்ம்கள் வரையும் வளைவுடன் பொருந்தும்படி அதன் உள்முனையின் உயரம் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. ஐட்லர் ஆர்ம் தொய்ந்தால் அந்தப் பக்கத்து உள்முனை மட்டும் இறங்கி, வளைவுகள் பொருந்தாமல் போகின்றன. பின்பு ஒவ்வொரு பள்ளத்திலும் அந்தச் சக்கரம் தானாகச் சற்றே திரும்பும். ஓட்டுநர் எதையும் தொடாமலேயே வண்டி விலகுவதாகச் சொல்லும் புகாருக்கு அடிப்படை பெரும்பாலும் இதுவே. டோ அளவும், அதாவது மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவும், இதனால் நிலையாக நிற்காது. இன்று சரியாக வைத்த அலைன்மெண்ட் (சக்கரக் கோணங்களின் அமைப்பு) சில நாட்களில் கெட்டுவிட்டதாகத் தோன்றுவதும், டயரின் பட்டைகள் ஒரு பக்கம் கூராகவும் மறுபக்கம் வழுவழுப்பாகவும் தேய்வதும் அதன் தொடர்ச்சிதான்.

மூட்டுகள் எல்லாம் சரியாக இருந்து, பாக்ஸுக்குள் செல்லும் தண்டு சுழன்றும் பிட்மன் ஆர்ம் அசையாமல் நின்றால் மட்டுமே பாக்ஸைச் சந்தேகிக்க வேண்டும். அதற்குள் ஒரு திருகுத் தண்டும், அதன்மேல் எஃகு உருண்டைகளின் வரிசைமீது நகரும் நட்டும், நட்டின் பற்களுடன் கோக்கும் செக்டார் தண்டும் இருக்கின்றன. வண்டி நேராகச் செல்லும் நடுநிலையில் பற்களுக்கிடையே இடைவெளி ஏறக்குறைய இல்லாமலும், இரு பக்கமும் திருப்பும்போது சற்று இடைவெளி விட்டும் அமையும்படி அந்தப் பற்கள் வெட்டப்பட்டுள்ளன. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் தேய்மானமும் நடுவிலேயே அதிகம். பாக்ஸின் மூடியிலுள்ள திருகை இறுக்கினால் பிளே குறைவது உண்மைதான். அளவு மீறி இறுக்கினாலோ நடுநிலையில் பற்கள் இறுகிப் பிடித்து, திருப்பம் முடிந்த பின் ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது. பற்களும் விரைவில் பழுதாகும். டை ராட் முனையின் தளர்ச்சியை மறைக்க இந்தத் திருகைத் திருகுவது எனக்கு உடன்பாடில்லாத செயல், அது ஆபத்தானதும்கூட.

இதன் பிறகுதான் ஜாக்கி. இந்த வண்டிகளில் சுருள்வில் கீழ்க் கன்ட்ரோல் ஆர்மின்மீது அமர்ந்திருப்பதால், ஜாக்கியைச் சேஸிஸின் கீழ் வைக்காமல், ஆர்மையும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டான பால் ஜாயிண்ட்டுக்கு அருகே கீழ் ஆர்மின் அடியில் வைத்துத் தூக்க வேண்டும். சேஸிஸைத் தூக்கினால் வில்லின் விசை பால் ஜாயிண்ட்டை ஒரு பக்கமாக அழுத்திப் பிடித்து, தேய்மானத்தை மறைத்துவிடும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது அசைவு தெரிந்தால், உதவியாளரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்ல வேண்டும். அசைவு மறைந்தால் குறை வீல் பேரிங்கில், மறையாவிட்டால் பால் ஜாயிண்ட்டில். இரு சக்கர இயக்கமுள்ள இவ்வண்டிகளின் கூம்பு உருளைப் பேரிங்குகளை இறுக்கம் பார்த்துச் சரிசெய்யலாம்; அவற்றில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 1 முதல் 5 பங்கு வரை ஆட்டம் இருப்பது இயல்பு. கன்ட்ரோல் ஆர்ம் சேஸிஸுடன் சேரும் இடத்திலுள்ள புஷ்களின் ரப்பர் வெடித்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது வண்டி விலகும்.

வண்டி எப்போதும் ஒரே பக்கமாக இழுத்தால், முன்டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது எளிய சோதனை. இழுப்பின் திசையும் மாறினால் குறை டயரில்தான். மாறாவிட்டால், ஓட்டி நிறுத்தியதும் எந்தப் பக்கச் சக்கரம் அதிகம் சூடாயிருக்கிறது என்று பார்த்து, பிரேக் விடாமல் பிடிக்கிறதா என்பதை அறியலாம். முன்வில்கள் தொய்ந்து மூக்கு தாழ்ந்த வண்டியில், ஸ்டீயரிங் அச்சின் பின்சாய்வான காஸ்டர் குறைகிறது. சக்கரத்தை நேராக நிறுத்தும் இயல்பான விசை அதனால் பலவீனமாகி, மூட்டுகள் அனைத்தும் புதிதாக இருந்தாலும் வண்டி அலையும்.

அதே காலத்து நான்கு சக்கர இயக்க கே வரிசை வண்டிகளில், பாக்ஸ் பொருத்தப்பட்ட இடத்தில் சேஸிஸின் நெடுக்குச் சட்டமே விரிசல் விடுவதுண்டு. உதவியாளர் ஸ்டீயரிங்கை ஆட்டும்போது பாக்ஸ் முழுவதும் அசைந்தால், படிந்த கிரீஸைத் துடைத்துவிட்டு போல்ட் துளைகளைச் சுற்றி விரிசல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் வண்டியை ஓட்டக் கூடாது.

முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே திட ஆக்சில் இணைக்கும் வண்டிகளில் குறை வேறு வடிவம் எடுக்கிறது. 1994 முதல் 2002 வரையான நான்கு சக்கர இயக்க டாட்ஜ் ராம் 2500 இதற்கு நல்ல உதாரணம். குறிப்பிட்ட வேகத்தில் ஒரு மேட்டில் ஏறியதும் முன்சக்கரங்கள் இரண்டும் இடமும் வலமுமாக வெறிபிடித்தாற்போல் அடித்துக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தாலொழிய நிற்காது. மேடு தொடக்கி வைத்த அதிர்வு, வண்டியின் முன்னோட்டத்திலிருந்தே ஆற்றலை எடுத்து வளர்வதால்தான் தானாக அடங்குவதில்லை. அங்கு முதலில் பார்க்க வேண்டியது, ஆக்சிலைச் சேஸிஸுடன் குறுக்காகப் பிணைக்கும் டிராக் பார். ஸ்டீயரிங்கை ஆட்டும்போது அதன் முனை தளர்ந்து நகர்ந்தால், குறை அங்கேதான். அதிர்வை உள்வாங்கும் புதிய ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் அதிர்வு சில காலம் அடங்கும். தேய்ந்த மூட்டோ தேய்ந்துகொண்டே இருக்கும்.

தேய்ந்தவை அனைத்தையும் மாற்றிய பிறகே அலைன்மெண்ட் பார்ப்பதில் பொருளுண்டு. சி வரிசை வண்டிகளில் மேல் கன்ட்ரோல் ஆர்மின் தண்டுக்கும் சேஸிஸுக்கும் இடையே செருகும் தகடுகளால் காஸ்டரையும், முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரையும் முதலில் அமைத்து, டோவைக் கடைசியில் வைக்க வேண்டும். தகடு மாறினால் டோவும் மாறும். டோவை வைக்கும்போது ஸ்டீயரிங் வளையம் கோணலாக நின்றால், வளையத்தைக் கழற்றி நேராக மாட்டுவது தவறு. டை ராடின் நீளத்தை மாற்றும் இரண்டு ஸ்லீவ்களையும் சரிவரத் திருப்பி, வண்டி நேராக ஓடும் நிலையில் பாக்ஸ் அதன் நடுநிலையில் நிற்கும்படி செய்ய வேண்டும்; இல்லாவிட்டால் பற்களிடையே இடைவெளி உள்ள பகுதியிலேயே பாக்ஸ் எப்போதும் இயங்கி, புதிய மூட்டுகள் அனைத்தும் இருந்தும் பழைய பிளே அப்படியே கையில் தெரியும்.