மையத்தில் விட்ட குடி தெருமுனையில் ஏன் கூப்பிடுகிறது?

மறுவாழ்வு மையத்தில் முப்பது நாள் இருந்துவிட்டு வருகிறவர்களில் பலர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்கள்: "உள்ளே இருந்த வரைக்கும் சரக்கு நினைப்பே வரல." அது பொய் இல்லை. அதே ஆள் வீடு திரும்பிய மூன்றாம் நாள் சாயங்காலம் ஆறே காலுக்கு, வழக்கமான நிறுத்தத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறார். பார் பக்கமிருந்து சிக்கன் பொரிக்கும் வாசம் வருகிறது. யாரோ அடுக்கிலிருந்து பிளாஸ்டிக் டம்ளரை உருவும் சத்தம் கேட்கிறது. வாயில் எச்சில் ஊறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, கால் தானாக அந்தப் பக்கம் திரும்புகிறது. வீட்டில் சொன்னால் "மனசு வைக்கலை, அவ்வளவுதான்" என்பார்கள். மனசு இதில் ரொம்பப் பின்னால் வருகிறது. அதற்கு முன்பே மூளை தான் கற்று வைத்திருந்த பாடத்தை ஒப்பித்து முடித்துவிடுகிறது.

குடியை விடும்போது மூளையில் இரண்டு வேலைகள் நடக்க வேண்டும். முதலாவது, ரசாயனச் சமநிலை திரும்புவது. ஆல்கஹால், நரம்புகளை அடக்கும் காபா என்ற ரசாயனத்தின் வேலையைக் கூட்டுகிறது. நரம்புகளைத் தூண்டும் குளூட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. வருஷக்கணக்கில் இப்படியே போனால், மூளை அதை ஈடுகட்டத் தன் அடக்கும் சக்தியைக் குறைத்து, தூண்டும் சக்தியை ஏற்றி வைத்துக்கொள்கிறது. திடீரென்று குடி நின்றால் அந்தத் தூண்டல் மட்டும் மிஞ்சி நிற்கும். அதனால்தான் முதல் நாளிலேயே கை நடுக்கமும் வியர்வையும் வருகின்றன. வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இல்லாத ஆள் தெரிவது, பூச்சி ஊர்வது போன்ற குழப்பநிலை இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் வரலாம். மருத்துவமனையும் மையமும் இந்தக் கட்டத்தை நன்றாகவே சமாளிக்கின்றன. ஒரு வாரம், பத்து நாளில் இது அடங்கிவிடும்.

இரண்டாவது வேலை மையத்துக்குள் முடிவதே இல்லை. குடிக்கும் ஒவ்வொரு முறையும், அப்போது சுற்றி இருந்த இடம், நேரம், ஆள், வாசனை எல்லாவற்றையும் மூளை சேர்த்தே முடிச்சுப் போட்டு வைக்கிறது. பிறகு அந்த வாசனையோ அந்த நேரமோ வந்தாலே, சரக்கு உள்ளே போகும் முன்பே, "இதோ வரப்போகிறது" என்று ஆசையைத் தூண்டும் டோபமின் என்ற மூளை ரசாயனம் கிளம்பிவிடுகிறது. பெங்களூரிலோ சென்னையிலோ ஒரு மையத்தின் மதில் சுவருக்குள் அந்த நிறுத்தமும் இல்லை, அந்தப் பொரியல் வாசமும் இல்லை. நினைப்பு வராததற்கு அதுதான் காரணம். முடிச்சு அவிழ்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். யாரும் அதைத் தொட்டதுகூட இல்லை.

இதற்கு ஒரு பழைய சோதனை உண்டு. 1979-ல் மார்க் பூட்டன், ராபர்ட் போல்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் எலிகளுக்கு ஒரு கூண்டில் ஒரு சமிக்ஞையைக் கேட்டால் பயப்படக் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு வேறு கூண்டில் அந்தச் சமிக்ஞையைத் திரும்பத் திரும்பக் கொடுத்து, பயம் போகும் வரை பழக்கினார்கள். பயம் போய்விட்டது. முதல் கூண்டுக்குத் திருப்பிக் கொண்டுபோனதும் பயமும் திரும்பி வந்தது. மூளை பழையதை அழிப்பதில்லை, அதன் மேல் புதிதாக ஒன்றை எழுதுகிறது. அந்தப் புதிய எழுத்து, எழுதப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. போதையிலும் இதே விதிதான்.

மறுபக்கத்திலிருந்து இதைக் காட்டியவர் லீ ராபின்ஸ் என்ற ஆய்வாளர். வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையாகி, 1971-ல் அமெரிக்கா திரும்பிய வீரர்களை அவர் பின்தொடர்ந்தார். அங்கே அடிமையாக இருந்தவர்களில் ஊர் திரும்பிய முதல் வருஷத்தில் மறுபடி அடிமையானவர்கள் சுமார் 5 சதவீதம்தான். பழகிய இடத்தை அவர்கள் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். நம் ஊர் ஆளின் நிலைமை நேர் எதிர். அவர் புதிய இடத்தில் தெளிந்துவிட்டு, பழகிய இடத்துக்கே திரும்புகிறார்.

இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. நாள் ஆக ஆக ஆசை குறைந்துகொண்டே போகும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறோம். சும்மா இருக்கும்போது எழும் ஆசை அப்படித்தான் குறைகிறது. ஆனால் சமிக்ஞையால், அதாவது பழகிய வாசத்தாலோ இடத்தாலோ நேரத்தாலோ, கிளம்பும் ஆசை முதல் சில வாரங்களில் ஏறிவிட்டுத்தான் இறங்கும் என்று விலங்குச் சோதனைகள் காட்டுகின்றன. குடி, ஹெராயின், புகையிலை மூன்றிலும் மறுபடி விழுவது முதல் மூன்று மாதங்களில்தான் செங்குத்தாக இருக்கிறது என்று 1971-லேயே வரைபடம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். ஆக, குடும்பம் "அப்பாடா" என்று மூச்சு விடுகிற வாரங்கள்தான் மிகக் கவனமாக இருக்க வேண்டிய வாரங்கள்.

செய்ய வேண்டியது என்ன? முதல் மூன்று மாதத்துக்கு வழியை மாற்றுவது. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி வேறு தெரு வழியாக நடப்பது கோழைத்தனம் இல்லை. சமிக்ஞை கண்ணில் படவில்லை என்றால் டோபமினும் கிளம்பாது. டாஸ்மாக் கடை பகல் 12 மணியிலிருந்து இரவு 10 வரை திறந்திருக்கும். ஆனால் ஒவ்வொருவருக்கும் ஆபத்தான நேரம் அவரவர் பழைய வழக்கப்படி ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். அது எது என்று அவருக்கே தெரியும். அந்த நேரத்துக்குள் ஏதாவது ஒரு வேலை இருக்க வேண்டும்: பிள்ளையை டியூஷனிலிருந்து கூட்டி வருவது, ஏ.ஏ. (குடியை விட்டவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டத்துக்குப் போவது, ஷட்டில் ஆடுவது. "சும்மா டிவி பார்த்துக்கிட்டு இருங்க" என்பது வேலை ஆகாது.

வயிறு காலியாக இருந்தால் ஆசை இன்னும் கூடும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி.; அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால். எடையில் சுமார் 61 கிராம், கலோரியில் 425-ஐத் தாண்டும். தினம் இரண்டு குவார்ட்டர் போட்டவருக்கு, நிறுத்திய மறுநாளிலிருந்து 850 கலோரி காணாமல் போகிறது. உடம்பு அதை இனிப்பில் தேடும். மையத்திலிருந்து வந்தவர் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வெல்லத்தை எடுத்துக் கடித்தால் திட்ட வேண்டாம். ஐந்தரை மணிக்கே சுண்டலோ, இரண்டு அவித்த முட்டையோ, வாழைப்பழமோ உள்ளே போய்விட்டால் ஆறே காலின் வேகம் கண்கூடாகக் குறையும். சர்க்கரை நோய் இருப்பவர் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்த பி1 (தயாமின்) மாத்திரையையும் பாதியில் விடக் கூடாது. தயாமின் குறைந்தால் ஞாபகமே நிரந்தரமாகக் கெட்டுப்போகும் ஒரு நிலை உண்டு.

அப்படியும் ஆசை வந்தால் அது எவ்வளவு நேரம் இருக்கும்? தீனி போடாவிட்டால் பெரும்பாலும் அரை மணிக்குள் ஏறி இறங்கிவிடும். ஏறிக்கொண்டே போகும், நாம் உடைந்தே போவோம் என்று தோன்றுவதுதான் அதன் தந்திரம். அதை எதிர்த்து மல்லுக்கட்டுவதைவிட, எங்கே உணர்கிறோம் என்று கவனிப்பது நல்லது: தொண்டையிலா, நெஞ்சிலா, விரல் நுனியிலா? கூடவே இடத்தை விட்டு நகர வேண்டும், போனில் ஒருவரோடு பேச வேண்டும். அந்த ஒருவர் யார் என்பதை ஆசை வருவதற்கு முன்பே முடிவு செய்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறை குடிக்காமல் கடக்கும்போதும், இந்தத் தெருவிலேயே, இந்த நேரத்திலேயே அந்தப் புதிய எழுத்து எழுதப்படுகிறது. மையத்தில் எழுத முடியாமல் போனது இதைத்தான்.

பணம் பெரிய சமிக்ஞை. சம்பள நாளும், கூலி கைக்கு வரும் சனிக்கிழமையும் பழைய ஆட்டோமேட்டிக் பாதைகள். முதல் சில மாதம் பையில் ஒரு குவார்ட்டர் விலையைவிடக் குறைவான ரொக்கம் மட்டும் இருக்கட்டும். போனில் யூபிஐ தின வரம்பைக் குறைத்துவிடலாம். இதை அவரே கேட்டுச் செய்ய வேண்டும். மனைவி பிடுங்கி வைத்துக்கொண்டால் அதுவே கோபமாகி, கோபமே காரணமாகிவிடும்.

தூக்கத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு எச்சரிப்பதில்லை. ஆல்கஹால், கனவு வரும் தூக்கத்தை அமுக்கி வைத்திருந்தது. விட்டதும் அது பொங்கி எழும். விடியற்காலை மூன்று மணிக்கு, குடித்துவிட்டது போலவே கனவு கண்டு வியர்த்து எழுவார்கள். சிலர் வாயை மோந்துகூடப் பார்ப்பார்கள். தூக்கக் கோளாறு மாதக்கணக்கில் நீடிக்கலாம். எரிச்சலும், எதிலும் ருசி இல்லாத வெறுமையும் அப்படியே. மூளையில் டோபமினை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் பழைய எண்ணிக்கைக்கு வர மாதங்கள் ஆகும். அதுவரை குழந்தையின் சிரிப்புகூட மங்கலாகத்தான் தெரியும். இது தற்காலிகம் என்று அவருக்கும் வீட்டுக்கும் தெரிந்திருந்தால் பாதி சண்டை குறையும். மெடிக்கலில் தூக்க மாத்திரை வாங்கிப் போடுவது மட்டும் கூடவே கூடாது. அவற்றில் பெரும்பாலானவை ஆல்கஹால் தட்டும் அதே காபா கதவைத்தான் தட்டுகின்றன.

மருந்துகளில் வீடுகளுக்கு அதிகம் தெரிந்தது டைசல்ஃபிராம். 1940-களில் கோபன்ஹேகனில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் குடற்புழு மருந்தாகுமா என்று தாங்களே சாப்பிட்டுப் பார்த்து, பிறகு மது அருந்தியபோது உடம்பு புரட்டிப்போட்டதில் அதன் இந்தக் குணம் தெரியவந்தது. ஆல்கஹால் உடைந்து அசிட்டால்டிஹைடு ஆகும். அதை மேலும் உடைக்கும் நொதியை இந்த மாத்திரை தடுத்துவிடுகிறது. அசிட்டால்டிஹைடு தேங்கி முகம் சிவந்து, படபடத்து, வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரியும். வழக்கமான அளவு நாளுக்கு 250 மி.கி. கடைசியாகக் குடித்து குறைந்தது 12 மணி நேரமாவது ஆன பிறகுதான் தொடங்க வேண்டும். நிறுத்தினாலும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். காலையில் மனைவியோ அம்மாவோ பார்க்க, அவரே கையால் எடுத்து விழுங்கும்போதுதான் இது நன்றாகப் பலன் தருகிறது: ஒரு நாளைக்கு ஒரே ஒரு முடிவு, அதுவும் தெளிவான காலை நேரத்தில்.

"குடிப்பவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுங்கள்" என்று விற்கப்படும் பொடிகளை நம்பி எதையும் கலக்காதீர்கள். மாத்திரை உள்ளே இருப்பது தெரியாதவர் வழக்கம்போல் ஒரு ஆஃப் போட்டால் இதயம் தாங்காமல் போகலாம். உயிர் போன சம்பவங்கள் மருத்துவ இலக்கியத்தில் உண்டு. தெரிந்தே சாப்பிடுபவரும் மறைந்திருக்கும் ஆல்கஹாலைக் கவனிக்க வேண்டும்: சில இருமல் சிரப், மவுத்வாஷ், ஹோமியோபதி சொட்டு மருந்து. நம் வீடுகளில் முக்கியமாக ஆயுர்வேத மருந்துகளான அரிஷ்டமும் ஆசவமும். அவை நொதிக்க வைத்துச் செய்யப்படுபவை. தானாக உண்டான ஆல்கஹால் என்று லேபிளிலேயே சதவீதம் போட்டிருக்கும். டைசல்ஃபிராம் சாப்பிடுபவருக்கு "பசி எடுக்கட்டும்" என்று திராட்சாரிஷ்டம் கொடுப்பது அன்பினால் செய்யும் தவறு.

இதைத் தவிர, குடியின் இன்பத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன் 50 மி.கி., கலைந்த சமநிலையைத் தாங்கிப் பிடிக்கும் அகாம்ப்ரோசேட் இரண்டும் உண்டு. கல்லீரலையும் சிறுநீரகத்தையும் பார்த்து டாக்டர் தேர்வு செய்வார்.

கல்யாணம், தீபாவளி, சாவு வீடு மூன்றையும் தவிர்க்க முடியாது. சீக்கிரம் போய், பந்தி முடிந்ததும் கிளம்பி, கையில் எப்போதும் ஒரு டம்ளர் மோரோ சோடாவோ வைத்துக்கொண்டால், நீட்டுகிற கை குறையும். சொல்வதற்கு ஒரு வரி தயாராக இருக்கட்டும்: "மாத்திரை சாப்பிடுறேன் மச்சான், ஒத்துக்காது." விளக்கம் சொல்ல ஆரம்பித்தால் மச்சான் வாதாட ஆரம்பிப்பார்.

இவ்வளவுக்குப் பிறகும் ஒரு நாள் ஒரு கட்டிங் போய்விடலாம். போதை நோயில் மறுபடி பயன்பாட்டுக்குத் திரும்புவோர் 40 முதல் 60 சதவீதம். ரத்த அழுத்தம், ஆஸ்துமா நோயாளிகளும் சிகிச்சையிலிருந்து நழுவும் அளவு ஏறக்குறைய அதுவே. நிஜமான சேதம் அந்த முதல் தொண்ணூறு மில்லியில் இல்லை. "எல்லாம் போச்சு, இனி என்ன" என்று மீதியைக் குடிப்பதில் இருக்கிறது. ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் இந்த நிலையைத் தனியாகவே பெயரிட்டு விளக்கினார். அந்தக் குற்ற உணர்ச்சியில் எண்ணெய் ஊற்றாமல் இருப்பதுதான் வீட்டார் அப்போது செய்யக்கூடிய பெரிய உதவி. எங்கே, எந்த நேரம், யாரோடு, வயிறு காலியா என்று மறுநாள் நிதானமாகக் கேளுங்கள். அடைக்க வேண்டிய ஓட்டை எது என்பது அந்தப் பதிலில் இருக்கும்.

பழைய அளவை உடம்பு இப்போது தாங்காது என்பதையும் அவர் தெரிந்திருக்க வேண்டும். ஹெராயினோ, கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் வலி மாத்திரையோ விட்டவர்களுக்கு இது உயிர் விஷயம்: வெளியே வந்த முதல் சில வாரங்களில் பழைய டோஸே மூச்சை நிறுத்திவிடும். குடி பல நாள் தொடர்ந்துவிட்டால் வீட்டிலேயே பூட்டி வைத்து நிறுத்த முயல வேண்டாம். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் நடுக்கமும் வலிப்பும் முந்தைய முறையைவிடக் கடுமையாகலாம். வலிப்போ குழப்பமோ தெரிந்தால் 108. மற்ற நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தேசிய போதை மீட்பு உதவி எண் 14446. இந்த மூன்று எண்களையும் மையத்திலிருந்து வந்த அன்றைக்கே அவர் போனிலும் வீட்டில் ஒருவர் போனிலும் சேமித்துவிடுங்கள்.