‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’: யார் புதுப்பிப்பது?

குடியாத்தம் பக்கத்தில் சோலார் மின்சாரம் பற்றி நடந்த ஒரு விளக்கக் கூட்டத்தில், மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பதாகையில் இப்படி எழுதியிருந்தது: ‘கிராமப்புற மற்றும் பிராந்திய சமூகங்களுக்கான புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வாய்ப்புகள்’. பேச்சு முடிந்ததும் நிலக்கடலை பயிரிடும் பெரியவர் ஒருவர் எழுந்து, “ஐயா, இதை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டுமா, ஐந்து வருடத்துக்கு ஒருமுறையா? எந்த ஆபீசில்?” என்று கேட்டார். முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். பதாகையைப் பார்த்துச் சிரித்திருந்தால் நியாயம்.

பெரியவர் சொல்லைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார். நம் ஊர்களில் மக்கள் புதுப்பிப்பவை ஓட்டுநர் உரிமம், நகைக்கடன், காப்பீடு, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. காலாவதித் தேதி ஒன்று இருக்கும், கட்டணம் இருக்கும், வரிசையும் இருக்கும்.

சொல்லின் பிறப்பு எளிது. ‘ரினியூவபிள்’ என்ற ஆங்கிலச் சொல்லை இரண்டாக வெட்டி, ‘ரினியூ’வுக்குப் புதுப்பி என்றும் வால்பகுதிக்குத் தக்க என்றும் வைத்து ஒட்டியது. ‘புதுப்பிக்கக்கூடிய’ என்பது அதன் தம்பி. ஆங்கிலத்தில் அந்தச் சொல், எடுத்தது மனித வாழ்நாளுக்குள் இயற்கையாகவே மீண்டும் நிரம்பிவிடும் என்பதைக் குறிக்கிறது. நிலக்கரி உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். காலை வெயில் நாளையும் வரும். வேறுபாடு அவ்வளவுதான்.

சிக்கல் வினையில் இருக்கிறது. ‘புதுப்பி’ என்பது பிறவினை. ஒருவர் இருந்து இன்னொன்றைப் புதிதாக்க வேண்டும். கோயிலைப் புதுப்பிக்கிறார்கள் என்றால் கொத்தனார் உண்டு, உபயதாரர் உண்டு. சூரியனை யார் புதுப்பிக்கிறார்கள்? ஆங்கிலச் சொல் செய்பவனைப் பற்றி வாய் திறக்காமல் தப்பித்துவிடுகிறது. தமிழில் பிறவினையைப் போட்ட உடனே ‘யார்?’ என்ற கேள்வி தானாக எழும். ‘தக்க’வும் உதவவில்லை. கண்டிக்கத்தக்க பேச்சு, பாராட்டத்தக்க முயற்சி என்றெல்லாம் எழுதி எழுதி, அதற்கு ‘செய்யப்பட வேண்டிய’ என்ற சாயல் ஏறிவிட்டது. உண்ணத்தக்க, நம்பத்தக்க என்பவை இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனாலும் ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல்’ என்று படிக்கும்போது, பழுதுபட்டுக் கிடக்கும் ஏதோ ஒன்று மராமத்துக்குக் காத்திருப்பதாகவே காதில் விழுகிறது.

இதைத் திருத்த வந்தவர்கள் இன்னும் கெடுத்தார்கள். சிலர் ‘மறுசுழற்சி ஆற்றல்’ என்கிறார்கள். மறுசுழற்சி என்றால் பழைய பிளாஸ்டிக். அதைப் பற்றி மேலும் பேச ஒன்றுமில்லை. இலங்கையில் ‘மீள்புதுப்பிக்கத்தக்க’ என்று எழுதுவது வழக்கம். அது இப்போது இங்கேயும் தலைகாட்டுகிறது. புதுப்பித்தல் என்றாலே மறுபடி புதிதாக்குவதுதான். அதற்கு முன்னால் ‘மீள்’ எதற்கு? ‘மீளுருவாக்க ஆற்றல்’ அறிவியலுக்கே பொருந்தாது. ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ முடியாது என்று பள்ளியில் படித்த பிள்ளை, அதை ‘மீண்டும் உருவாக்குவது’ எப்படி என்று கேட்டால் ஆசிரியர் என்ன சொல்வார்?

‘மரபுசாரா எரிசக்தி’ இவற்றுக்கெல்லாம் மூத்தது. டெல்லியில் 1992இல் தனி அமைச்சகம் அமைந்தபோது அதன் பெயரே மரபுசாரா எரிசக்தி அமைச்சகம். 2006இல்தான் பெயரை மாற்றினார்கள். ‘மரபுசாரா’ என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலை வெயிலில் உலர்த்தினார்கள். வீட்டு மாடியில் வடகம் காய்ந்தது. களத்து மேட்டில் காற்று பார்த்து நெல் தூற்றினார்கள். இவை மரபு இல்லையாம், நேற்று வந்த அனல்மின் நிலையம் மரபாம்! யாருடைய மரபு அது?

‘பசுமை ஆற்றல்’ இப்போது எங்கும் பரவியிருக்கிறது; 2024இல் மாநில அரசு அமைத்த நிறுவனத்தின் பெயரிலேயே ‘பசுமை எரிசக்தி’ வந்துவிட்டது. பாராட்டுச் சொல்லாக இருக்கட்டும். ஆனால் தீருமா தீராதா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. தவிர, உழவரிடம் பசுமை என்றால் பசுமைப் புரட்சி நினைவுக்கு வரும். அது யூரியாவும் பம்ப்செட்டும் கொண்டுவந்த புரட்சி.

இந்திக்காரர்கள் இந்த இடத்தில் நம்மைவிடச் சாமர்த்தியசாலிகள். அமைச்சகத்தின் பெயர்ப் பலகையில் ‘நவீகரணீய’ என்ற சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு தொங்கினாலும், மக்களிடம் பேச ‘அக்ஷய ஊர்ஜா’ வைத்திருக்கிறார்கள். ஆகஸ்ட் 20ஆம் நாளை அந்தப் பெயரில்தான் கொண்டாடுகிறார்கள். அக்ஷய என்றால் குறையாதது. நமக்கும் அட்சய பாத்திரம் தெரியும். ஆனால் அதைக் கடன் வாங்க வேண்டிய நிலையில் தமிழ் இல்லை.

முதலில் எனக்குப் பிடித்தது ‘ஊறும்’ என்ற சொல். பாலாற்றங்கரைக்காரனுக்கு அது பிடிக்காமல் போனால்தான் வியப்பு. ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் அந்த ஆற்றில் ஊற்றுத் தோண்டிக் குடிநீர் எடுத்தார்கள், ஊற்றுக்கால்வாய் வெட்டி வயலுக்கும் கொண்டுபோனார்கள். மொண்டால் மீண்டும் ஊறும். ஊற விடாமல் இறைத்தால் ஏமாற்றும். ‘ரினியூவபிள்’ என்பதன் முழு இலக்கணமும் இதற்குள் இருக்கிறது. அதோடு ‘ஊறு’ தன்வினை. யாரும் ஊறவைக்க வேண்டாம். ‘தொட்டனைத் தூறும் மணற்கேணி’ என்று குறளும் சாட்சிக்கு நிற்கிறது. இடைஞ்சல் என்னவென்றால் ஊறு என்பதற்குத் தீங்கு என்றும் பொருள் உண்டு. எவராவது சுருக்கி ‘ஊறாற்றல்’ என்று எழுதிவிட்டால், ஊறு விளைவிக்கும் ஆற்றல் என்று அர்த்தமாகிவிடும். சுருக்காமல் விடுவார்களா நம் ஆட்கள்?

‘தீரா ஆற்றல்’ வேண்டாம். தீராத நோய், தீராத பகை, தீராத கடன் என்று அந்தச் சொல்லுக்குச் சகவாசம் சரியில்லை.

ஆகவே என் வாக்கு ‘வற்றா ஆற்றல்’ என்பதற்கே. இது எவரும் புதிதாக அச்சடித்த நாணயம் அல்ல. ‘வற்றாத கிணற்றுடன் நிலம் விற்பனைக்கு’ என்று விளம்பரம் கொடுக்கும் ஊர் நம்முடையது. வற்றாததன் விலை இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒரு தடை சொல்வார்கள்: விறகும் இந்த வகையில்தான் சேர்கிறது, ஜவ்வாது மலையில் வளர்வதைவிட வேகமாக வெட்டினால் விறகு வற்றிவிடாதா? வற்றும். சரியான கேள்விதான். அதற்கு உழவரிடமே விடை இருக்கிறது. கரும்பை வெட்டிய கட்டையிலிருந்து மீண்டும் தழைப்பதற்கு மறுதாம்பு என்று பெயர். அந்தக் கரும்பின் சக்கையை எரித்துத்தான் சர்க்கரை ஆலைகள் கொதிகலனை ஓட்டுகின்றன. தழைப்பதைத் தழைப்பது என்று சொல்வோம், வற்றாததை வற்றாதது என்போம். சாணத்திலிருந்து வருவது சாண எரிவாயு. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பெயர் வைக்க வேண்டிய தேவை கோப்புகளுக்குத்தான் இருக்கிறது, ஊருக்கு இல்லை.

இன்னொரு தடை, இதைவிடக் கனமானது. சூரியன் வற்றாது, கிணறு வற்றும். மின்கட்டணமும் இல்லாமல், மின்வெட்டும் இல்லாமல் சோலார் மோட்டார் பகல் முழுவதும் இறைத்தால் நிலத்தடி நீர் என்ன ஆகும்? இது சொல்லின் குற்றம் இல்லை. ஆனாலும் ‘வற்றா ஆற்றல்’ என்று பதாகை கட்டுகிறவர்கள் அதே மேடையில் கிணற்றைப் பற்றியும் பேசட்டும்.

‘எரிசக்தி’யையும் விட்டுவைக்க மனமில்லை. சோலார் தகட்டில் எது எரிகிறது? சூடு கூடினால் அதன் மின்உற்பத்தி குறையவே செய்யும். அதற்கு வேண்டியது ஒளிதான். ‘வேலூர் இல்லை, வெயிலூர்’ என்று தலைப்பிடும் நாளிதழ்கள், மே மாதக் கத்திரி வெயிலில் தகடுகள் மின்சாரத்தைக் கொட்டும் என்று எழுதுவதற்கு இந்த ‘எரி’யும் ஒரு காரணமோ என்று ஐயப்படுகிறேன்.

பதாகையில் இன்னும் இரண்டு சொற்கள் பாக்கி. ‘பிராந்திய’ என்பதை மேடையில் உரக்கப் படித்தால் பின்வரிசை இளைஞர்கள் எந்தக் கடையை நினைப்பார்கள் என்பது படித்தவருக்குத் தெரியாதா? ‘சமூகங்கள்’ அதைவிட ஆபத்தானது. வட ஆற்காட்டுக் கிராமத்தில் ‘நீங்கள் எந்தச் சமூகம்?’ என்று கேட்டால் சாதியைக் கேட்கிறார்கள் என்று பொருள். ‘சமூகங்களுக்கான வாய்ப்புகள்’ என்று எழுதினால், எந்தெந்தச் சாதிக்கு எவ்வளவு மானியம் என்ற பட்டியலை எதிர்பார்த்துத்தான் மக்கள் வருவார்கள். ‘ஊர் மக்கள்’ என்ற இரண்டு சொல் மொழிபெயர்ப்பாளர்களின் அகராதியில் ஏன் இல்லை? ஒரு வாக்கியத்தை எழுதிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒருமுறை வாசித்துக் காட்டினால் இவற்றில் பாதி நின்றுவிடும்.

அந்தக் கூட்டத்தில் சொல்ல வந்த செய்தி அருமையானது. உழவர்களுக்கான மத்திய அரசின் சோலார் திட்டமான பி.எம். குசும் திட்டத்தின் ஒரு பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதை இப்படி எழுதினால் போதும்: ‘உங்கள் தரிசு நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை சோலார் மின்நிலையம் அமைத்து மின்வாரியத்துக்கு மின்சாரம் விற்கலாம், சொந்தமாக அமைக்க முடியாவிட்டால் நிலத்தைக் குத்தகைக்கு விடலாம். துணைமின் நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நிலத்துக்கு முன்னுரிமை. ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ நான்கைந்து ஏக்கர் வேண்டும்.’ தலைப்பு வேண்டுமென்றால் மேலே ‘வற்றா ஆற்றல்’ என்று போட்டுக்கொள்ளுங்கள். இடம் போதவில்லை என்றால் தலைப்பை எடுத்துவிடுங்கள். துணைமின் நிலையத்தைப் பற்றிய வரியை எடுக்காதீர்கள்.