வீட்டு ஷெட்டுக்கு ஒரு சின்ன மிக் மிஷின்: கை நடுங்கினாலும் ஆர்க் எப்படி நிக்குது?

போன வாரம் ஒரு வாசகர் கேட்டிருந்தார். வீட்டுக்குப் பின்னாடி கார் ஷெட்ல வச்சுக்க சின்னதா ஒரு மிக் வெல்டிங் மிஷின் வாங்கணுமாம், பழைய கார்ல துருப்பிடிச்சுப்போன தரைத் தகட்டை மாத்தணும், அப்பப்போ கேட்டு, ஸ்கொயர் டியூப் ஸ்டாண்டுன்னு சில்லறை வேலை, கடைக்காரர் 200 ஆம்பியர் எடுங்க 250 எடுங்கன்னு ஏத்திக்கிட்டே போறார், எதை வாங்குறதுன்னு. ஆம்பியர் நம்பரை மட்டும் பார்த்து மிக் மிஷின் வாங்குறது தப்புன்னு நான் உறுதியா சொல்வேன். ஏன்னு புரியணும்னா டார்ச் (கையில பிடிச்சு வெல்டிங் வைக்கிற பிடி) நுனில என்ன நடக்குதுன்னு பார்க்கணும்.

அடிப்படை எல்லாருக்கும் தெரிஞ்சதுதான். ராடு வெல்டிங்ல கையில பிடிச்சிருக்கிற ராடே உருகி உள்ள போகும், மேல இருக்கிற பூச்சு எரிஞ்சு காத்தைத் தடுக்கும். மிக்ல ராடுக்குப் பதிலா ஒரு மெல்லிசான வயர், மோட்டார் அதை டார்ச் வழியா தள்ளிக்கிட்டே இருக்கும், பூச்சுக்குப் பதிலா சிலிண்டர்லேர்ந்து கேஸ். நம்ம ஊர் பட்டறையில இதுக்கு சிஓடூ வெல்டிங்னே பேரு. 1948ல அமெரிக்காவுல பேட்டல் ஆராய்ச்சி நிலையத்துல இது உருவானப்போ ஆர்கான் கேஸ் வச்சுதான் பண்ணாங்க, அது விலை ஜாஸ்தி, 1950கள்ல மலிவான கார்பன் டை ஆக்சைடு வந்த பிறகுதான் இரும்பு வேலைக்கு இது பரவலாச்சு.

இப்போ விஷயத்துக்கு வரேன். ராடு மிஷின்ல நாம கரன்ட்டை செட் பண்றோம், கை மேல கீழ போனாலும் மிஷின் அதே கரன்ட்டைப் பிடிச்சு வைக்கும். மிக் அப்படியே தலைகீழ். இதுல மிஷின் பிடிச்சு வைக்கிறது வோல்டேஜை. கரன்ட்டை நாம செட் பண்றதே இல்ல, வயர் போற வேகத்தைத்தான் செட் பண்றோம், அந்த வேகத்துல வர்ற வயரை உருக்க எவ்வளவு கரன்ட் வேணுமோ அதை ஆர்க் (வயர் நுனிக்கும் தகட்டுக்கும் நடுவுல எரியுற மின்பொறி) தானா இழுத்துக்கும். 0.8 மில்லி வயர் நிமிஷத்துக்கு சுமார் 5 மீட்டர் வேகத்துல போனா கிட்டத்தட்ட 100 ஆம்பியர் ஓடும். வேகத்தைக் கூட்டினா கரன்ட் கூடும். கரும்பை வாய்க்குள்ள யாரோ தள்ளிக்கிட்டே இருக்காங்கன்னு வச்சுக்கோங்க, வேகமா தள்ளினா வேகமா கடிச்சாகணும், அவ்வளவுதான்.

கை நடுங்கினா என்ன ஆகும்? டார்ச் கொஞ்சம் மேல போகுது, ஆர்க் நீளமாகுது. நீளமான ஆர்க்குக்கு அதிக வோல்டேஜ் வேணும், ஆனா மிஷின் கொடுக்க மாட்டேங்குது, அது பிடிச்ச பிடில நிக்குது. அதனால கரன்ட் சடார்னு விழும். கரன்ட் விழுந்தா வயர் மெதுவா உருகும், ஆனா மோட்டார் அதே வேகத்துல தள்ளிக்கிட்டே இருக்கே, அதனால வயர் நுனி கீழ இறங்கி ஆர்க் பழையபடி குட்டையாயிடும். டார்ச் கீழ போச்சுன்னா இதே கதை திரும்பி நடக்கும், கரன்ட் ஏறும், வயர் வேகமா உருகும், நுனி மேல ஏறும். நம்ம கண்ணுக்குத் தெரியறதுக்குள்ள முடிஞ்சுடும். சென்சார் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, கட்டளை போட யாருமே கிடையாது, வோல்டேஜை ஆடாம வச்சதுக்காக மட்டும் ஆர்க் தன் நீளத்தைத் தானே பார்த்துக்குது! பழகாத கையும் ரெண்டு மூணு நாள்ல மிக் வெல்டிங் வைக்க முடியுதுன்னா காரணம் இதுதான்.

இதுக்குள்ள இன்னொண்ணும் இருக்கு. நாம வீட்டுல பண்ற மெல்லிசு வேலைல வயர் நிஜமாவே உருகுன குளத்துல போய் முட்டும், ஷார்ட் ஆகும், அந்த நொடி கரன்ட் எகிறும், எகிறுன கரன்ட்டோட காந்தப்புலமே வயரோட கழுத்தைச் சுத்தி நெரிச்சு துளியைக் கிள்ளி விட்டுடும், மறுபடி ஆர்க் பத்திக்கும். நொடிக்கு 20லேர்ந்து 200 தடவை வரைக்கும் இது நடக்கும். நல்ல செட்டிங்ல எண்ணெய்ல வடை பொரியுற மாதிரி சீரா ஒரு சத்தம் வருமே, அந்தச் சத்தம் இந்தத் துளிகள்தான். கரன்ட் ரொம்ப வேகமா எகிறுனா துளி வெடிச்சுச் சிதறி சுத்தி எல்லாம் ஸ்பேட்டர் ஒட்டும், அதை அடக்கத்தான் உள்ள ஒரு சோக் காயில் இருக்கு, சில மிஷின்ல அதுக்குன்னே இண்டக்டன்ஸ்னு தனி நாப் கொடுத்திருப்பாங்க.

அதனால நான் மொதல்ல பார்க்குறது வயர் தள்ளுற பாகத்தைத்தான். வயர் ஒரு நொடி தயங்குனாக்கூட மேல சொன்ன தானியங்கி எல்லாம் குலைஞ்சுடும், நுனி காண்டாக்ட் டிப்ல (வயர் வெளிய வர்ற செம்பு மூக்குல) போய் ஒட்டிக்கும். மூடியைத் திறந்து ரோலரைப் பாருங்க, மெட்டல் பிரேம்ல இருந்தா நல்லது, லேசான பிளாஸ்டிக்ல இருந்தா வேண்டாம். ரோலர் பள்ளம் 0.8க்கு இருக்கா, 5 கிலோ ஸ்பூல் மாட்ட இடம் இருக்கா (1 கிலோ ஸ்பூல் வாங்கி வாங்கி கட்டுப்படியாகாது), டார்ச் கழட்டி மாட்டுற மாதிரி இருக்கா. அடுத்து, வோல்டேஜ் நாப் படிப்படியா குதிக்காம நைசா ஓடணும். மெல்லிசு தகட்டுல ஒரு வோல்ட் ஜாஸ்தி ஆனாலும் ஓட்டை விழுந்துடும்.

ஆம்பியர் கணக்கு ரொம்ப சிம்பிள், ஒரு மில்லி கனத்துக்கு சுமார் 40 ஆம்பியர். கார் தகடு ஒரு மில்லிக்குப் பக்கம்தான், கேட்டு வேலை 3 மில்லின்னு வச்சாலும் 120. 160 ஆம்பியர் மிஷின் தாராளம். ஏன் பெரிசு வேண்டாம்ங்கிறேன்னா வீட்டு வயரிங். 120 ஆம்பியர் 20 வோல்ட்னா 2,400 வாட், மிஷின்ல வீணாகுறதைச் சேர்த்தா 3,000, பவர் ஃபேக்டர் குறைச்சலான, அதாவது அதே வாட்டுக்கு ஜாஸ்தி கரன்ட் இழுக்குற, சாதா இன்வெர்ட்டர் மிஷின்னா 230 வோல்ட் லைன்ல 18, 19 ஆம்பியர் இழுக்கும். 16 ஆம்பியர் பிளக்குக்கே இது ஜாஸ்தி. 200 ஆம்பியர்ல ஓட்டினா 35ஐத் தாண்டும். ஷெட்டுக்குத் தனியா 4 ஸ்கொயர் (சதுர மில்லி) வயர் இழுத்து 25 ஆம்பியர் எம்சிபி போட்டுருங்க. 30 மீட்டர் நீளத்துக்கு 1.5 ஸ்கொயர் எக்ஸ்டென்ஷன் போட்டு ஓட்டினா அந்த வயர்லயே 14 வோல்ட் போயிடும், வயரும் சுடும்.

டியூட்டி சைக்கிள்னு ஒரு சதவீதம் எழுதியிருக்கும், 60 சதவீதம்னா 10 நிமிஷத்துல 6 நிமிஷம் வெல்டிங் 4 நிமிஷம் ரெஸ்ட். அதை வழக்கமா 40 டிகிரி வெப்பத்துல சோதிச்சு எழுதுவாங்க. மே மாசம் தகரக் கூரை ஷெட்டுக்குள்ள அதைத் தாண்டிடும்ங்கிறதால எழுதுனதுல கொஞ்சம் குறைச்சுக்கோங்க.

கேஸ் பத்தி ஒரு அழகான விஷயம். சிஓடூ சிலிண்டருக்குள்ள திரவமா இருக்கும், திரவம் இருக்குற வரைக்கும் கேஜ் முள் ஏறக்குறைய அதே இடத்துல நிக்கும், தீர்ந்ததும் கிடுகிடுன்னு இறங்கும். முள்ளை நம்பாம சமையல் கேஸ் மாதிரி எடை போட்டுத்தான் பார்க்கணும். ஆனா 31 டிகிரியைத் தாண்டினா கார்பன் டை ஆக்சைடுக்கு திரவம், வாயுங்கிற பிரிவே கிடையாது, நம்ம ஊர் வெயில்ல பாதி வருஷம் பகல்ல சிலிண்டருக்குள்ள அந்த நிலைதான்! கேஸ் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு உள்ளே ஃபிளக்ஸ் அடைச்ச வயர் இருக்கு, திறந்தவெளில காத்தடிச்சாலும் ஓடும், ஆனா அதுல டார்ச் நெகட்டிவ்ல இருக்கணும், சாதா வயருக்கு பாசிட்டிவ். உள்ள டெர்மினல் மாத்துற வசதி இருக்கான்னு பார்த்து வாங்குங்க. கார் தகட்டுக்கு நான் கேஸ்தான் சொல்வேன், ஃபிளக்ஸ் வயர் சூடு ஜாஸ்தி.

மிஷினோட சேர்த்து ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் (ஆர்க் பத்துன உடனே கண்ணாடி தானா கருத்துக்கும்) கட்டாயம். வெறும் கண்ணால ஆர்க்கைப் பார்த்தா சில மணி நேரம் கழிச்சு, ராத்திரில, கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி எரியும், புற ஊதாக் கதிர் விழிப்படலத்தோட மேல்தோலைப் பொசுக்குறதுதான் அது. இதுக்குத் தாய்ப்பால் விடுறது, உருளைக்கிழங்கு வெட்டி வைக்கிறதுன்னு இன்னும் பண்றாங்க, தயவுசெஞ்சு வேண்டாம், புண்ணான கண்ணுக்குள்ள கிருமிதான் போகும், கண் டாக்டர்கிட்ட போங்க. அதே மாதிரிதான் துத்தநாகம் பூசுன ஜிஐ பைப்பை வெல்டிங் வச்சா வர்ற துத்தநாகப் புகைக்குப் பால் குடிச்சா முறிஞ்சுடும்ங்கிறதும். பால் போறது வயித்துக்கு, புகை போறது நுரையீரலுக்கு. ராத்திரி குளிர் காய்ச்சல் வரத்தான் செய்யும். பூச்சைத் தேய்ச்சு எடுத்துட்டு, காத்தோட்டமா வச்சு, மாஸ்க் போட்டுப் பண்ணணும். திருச்சி பெல் (பிஎச்இஎல்) நிறுவன வளாகத்துல வெல்டிங்குக்குன்னே ஒரு ஆராய்ச்சி நிலையம் இருக்கு. பாய்லர் மாதிரி பெரிய வேலைகளுக்குச் செலவு பண்றதுல ஒரு பங்கை, தெருமுனை கிரில் பட்டறை ஆளோட கண்ணுக்கும் நுரையீரலுக்கும் ஒதுக்கணும்ங்கிறது என் கருத்து. நம்ம நாட்டுல அதிகமா வெல்டிங் வைக்கிறது அந்தக் கைகள்தான்.

கடைக்குப் போறப்போ உங்க கார்லேர்ந்து வெட்டுன தகட்டுத் துண்டு ரெண்டை கையோட எடுத்துட்டுப் போங்க. 0.8 வயர் போடச் சொல்லி, 40 ஆம்பியர் பக்கத்துல வச்சு ஓட்டச் சொல்லுங்க. ஷோரூம் டெமோல 5 மில்லி பிளேட்டுல எந்த மிஷினும் நல்லாத்தான் ஓடும். மெல்லிசு தகட்டுல, குறைஞ்ச செட்டிங்ல, அந்த வடை பொரியுற சத்தம் நடுவுல அறுபடாம வருதான்னு காதைத் தீட்டிக் கேளுங்க, வந்தா பில் போடச் சொல்லுங்க.