காணாமல் போன பிக்கப்பும் காரின் கன்வர்ட்டரும்

சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலாபக்கமும் நெடுஞ்சாலை பிரியும் ஊர் கிருஷ்ணகிரி. வாகனப் பணிமனைகளுக்குப் பஞ்சமில்லை, அங்கே கிடைக்கும் இலவச ஆலோசனைகளுக்கும் பஞ்சமில்லை. பத்து வயதைத் தாண்டிய பெட்ரோல் காரை ஓட்டிக்கொண்டு போய், "முன்புபோல் பிக்கப் இல்லை, மேட்டில் திணறுகிறது" என்று சொல்லிப் பாருங்கள். ஒருவராவது கீழே குனிந்து பார்த்துவிட்டு, "சைலன்சருக்கு முன்னால் இருக்கும் கன்வர்ட்டரைக் கழற்றிப் போடுங்கள் சார், வண்டி பறக்கும்" என்பார்.

அவர் பொய் சொல்லவில்லை. கழற்றிய பிறகு உயிர் வந்ததுபோல் ஓடிய கார்களை அவர் கண்ணால் பார்த்திருப்பார். அதற்கு அவர் சொல்லும் காரணத்தில்தான் கோளாறு. அது கேட்டலிடிக் கன்வர்ட்டர், எஞ்சின் புகையிலுள்ள நச்சு வாயுக்களைச் சுத்திகரிக்கும் பெட்டி. நல்ல நிலையில் உள்ள கன்வர்ட்டர் எஞ்சினிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும் சக்தி மிகச் சொற்பம். வண்டியை முடக்கிப் போடுவது அடைத்துக்கொண்ட கன்வர்ட்டர். அதைக் கழற்றியதும் திரும்பி வருவது, தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த அதே சக்திதான்.

சொற்பம் என்றால் எவ்வளவு? காகிதத்தில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்குதான். 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினில் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்கும்போது, பிஸ்டனைத் தள்ளுவதற்குப் பயன்படும் சராசரி அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. வெளியேறும் புகைக்குக் கன்வர்ட்டர் தரும் தடை, எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போதுகூட வளிமண்டல அழுத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் வரும். அந்தப் பத்தில் ஒன்றைப் பத்தால் வகுத்தால் ஒரு சதவீதம். தடை நீங்குவதால் சிலிண்டரில் பழைய புகை தங்குவது குறைந்து, புதுக் காற்று சிறிது கூடுதலாக நுழையும். அதற்கு இன்னொரு சதவீதம் போடலாம். 85 குதிரைத்திறன் கொண்ட காரில் இது ஒன்றரைக் குதிரையைச் சற்றுத் தாண்டினால் பெரிது.

அதுவும் முழுதாக மிதித்து, எஞ்சினை அலறவிடும்போது மட்டும். ஊருக்குள் யாரும் அப்படி ஓட்டுவதில்லை. சாதாரண வேகத்தில் எஞ்சினின் கழுத்தைப் பிடித்திருப்பது வெளியேறும் பக்கத்தில் உள்ள கன்வர்ட்டர் அல்ல, காற்று நுழையும் பக்கத்தில் பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும் த்ராட்டில் தகடு. கூடுதல் சக்தி வேண்டுமானால் காலை இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், வெல்டிங் கடைக்குப் போக வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறிப் போகிறவர்களுக்கு இதைவிட எளிதாகப் புரியும். கிருஷ்ணகிரி கடல் மட்டத்திலிருந்து சுமார் 500 மீட்டர், ஓசூர் சுமார் 900 மீட்டர். இந்த 400 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 4 சதவீதம் குறைகிறது. டர்போ (வெளியேறும் புகை ஒரு டர்பைன் சக்கரத்தைச் சுழற்ற, அதன் உதவியால் எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும் கருவி) இல்லாத எஞ்சினின் உச்ச சக்தியும் அதே அளவு குறைகிறது. அதாவது, கன்வர்ட்டரைக் கழற்றிச் சம்பாதித்ததைப்போல் இரண்டு மடங்கை சூளகிரி மேடே வாங்கிக்கொண்டுவிடும். அதை உணர்ந்ததாக எந்த ஓட்டுநரும் சொல்லி நான் கேட்டதில்லை. கன்வர்ட்டரைக் கழற்றியவர்கள் மட்டும் உணர்ந்தேன் என்கிறார்கள். அவர்கள் உணர்வது பெரும்பாலும் சத்தத்தை. கரகரப்பாக உறுமும் கார் வேகமாகப் போவதுபோலவே தோன்றும்.

டர்போ கார்களின் கதை கொஞ்சம் வேறு. டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் டர்போ விரைவாகச் சுழல ஆரம்பிக்கும், எஞ்சின் கணினியின் நிரலையும் சேர்த்து மாற்றினால் உண்மையான வித்தியாசம் தெரியும். பந்தயத் தளத்துக்கு மட்டும் போகிறவர்கள் அந்தப் பேச்சைப் பேசிக்கொள்ளட்டும்.

சரி, உள்ளே என்னதான் இருக்கிறது? பணிமனையில் அறுத்துப் போட்ட கன்வர்ட்டர் கிடந்தால் ஒரு துண்டை வாங்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். வெளிறிய மண் நிறத்தில், கைக்கு லேசாக இருக்கும். கார்டியரைட் என்னும் பீங்கான் வகை அது. ஒரு சதுர அங்குலத்தில் 400 நுண்குழல்கள் என்பது வழக்கமான அளவு. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரைச் சற்றே தாண்டிய அகலம், சுவர்களோ அதில் பத்தில் ஒரு பங்கு தடிமன். மறுமுனையில் வானம் தெரியும். நேர்க்குழல்கள் என்பதால் புகை எங்கும் முட்டாமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். தடை குறைவாக இருப்பதன் ரகசியம் இந்த அமைப்புதான்.

குழல்களின் சுவரில் அலுமினா பூசப்பட்டிருக்கிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் அது வழவழப்பான பூச்சே அல்ல, மேடும் பள்ளமும் துளையுமாக இருக்கும். அந்த மேடுபள்ளங்களையெல்லாம் இழுத்து விரித்தால், கையில் பிடிக்கக்கூடிய ஒரு கன்வர்ட்டருக்குள் ஓரிரு ஏக்கர் மாந்தோப்பின் பரப்பு அடங்கும். அந்தப் பரப்பில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய மூன்று உலோகங்களும் கண்ணுக்குத் தெரியாத துகள்களாகத் தூவப்பட்டிருக்கின்றன. எல்லாம் சேர்ந்து ஒரு சில கிராம்தான்.

வேலைப் பங்கீடு இப்படி: ரோடியம், நைட்ரஜன் ஆக்சைடு மூலக்கூற்றைப் பிடித்துப் பிளந்து நைட்ரஜனை விடுவிக்கிறது. பிளாட்டினமும் பல்லேடியமும், கார்பன் மோனாக்சைடையும் எரியாமல் தப்பிய பெட்ரோல் ஆவியையும் ஆக்சிஜனோடு சேர்த்துக் கரியமில வாயுவாகவும் நீராவியாகவும் மாற்றுகின்றன. இதில் ஒரு சங்கடம் உண்டு. முதல் வேலைக்கு ஆக்சிஜன் குறைவாக இருக்க வேண்டும், இரண்டாவதற்கு ஆக்சிஜன் தேவை. இரண்டும் ஒரே குழலுக்குள் நடக்க வேண்டுமென்றால், எஞ்சினுக்குள் போகும் காற்றும் பெட்ரோலும் எடையில் 14.7-க்கு 1 என்ற விகிதத்தை ஒட்டியே இருக்க வேண்டும்.

அந்த விகிதத்தைக் காவல் காப்பது ஆக்சிஜன் சென்சார். கன்வர்ட்டருக்கு முன்னால் உள்ள சென்சாரின் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். அதைப் பார்த்துக் கணினி பெட்ரோலைக் கூட்டியும் குறைத்தும் விடுகிறது. இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்குவதற்காகவே அலுமினாவோடு சீரியம் ஆக்சைடும் கலக்கப்பட்டிருக்கிறது. ஆக்சிஜன் மிஞ்சும் கணத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, பற்றாக்குறை வரும் கணத்தில் அது திருப்பிக் கொடுக்கும்.

தொப்பூர் கணவாயில் தருமபுரிப் பக்கமிருந்து சேலம் நோக்கி இறங்கும்போது இந்தச் சீரியத்திடம் நன்றாகவே வேலை வாங்கப்படுகிறது. கியரில் இருந்தபடியே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், பெரும்பாலான புதிய கார்கள் பெட்ரோலை அறவே நிறுத்திவிடும். எஞ்சின் வெறும் காற்றை உறிஞ்சி வெறும் காற்றைத் தள்ளும், சீரியம் ஆக்சிஜனால் நிரம்பிவிடும். கீழே வந்து மறுபடி மிதித்ததும், கணினி சில கணங்களுக்குப் பெட்ரோலைச் சற்றுத் தாராளமாக விட்டு அந்தச் சேமிப்பைக் காலிசெய்கிறது. இல்லையென்றால் ரோடியத்தால் தன் வேலையைச் செய்ய முடியாது. எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து அதே இறக்கத்தில் நியூட்ரலில் விடுகிறவர்களுக்கு ஒரு தகவல்: கியரில் இறங்கும் காருக்குப் பெட்ரோல் செலவே இல்லை, நியூட்ரலில் இறங்கினால்தான் எஞ்சின் அணையாமலிருக்கப் பெட்ரோல் குடிக்கிறது. பிரேக் சூடேறுவது தனிக் கணக்கு.

கன்வர்ட்டருக்குப் பின்னாலும் ஒரு சென்சார் உண்டு. சீரியம் ஒழுங்காக வேலை செய்தால் இந்தப் பின் சென்சார் அதிகம் ஊசலாடாமல் அமைதியாக இருக்கும். கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு வெறும் குழாயை மாட்டினால், முன்னது ஆடுவதைப்போலவே பின்னதும் ஆடும். கணினிக்கு இது போதும். எஞ்சின் விளக்கு எரியும், ஸ்கேனரைச் சொருகினால், கன்வர்ட்டர் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டும் பி 0420 என்ற குறி வரும். சென்சாரைச் சற்று வெளியே இழுத்து மாட்டி ஏமாற்றும் உபாயங்களைச் சில கடைகளில் விற்கிறார்கள். விளக்கை அணைப்பதைத் தவிர அவற்றால் எந்தப் பயனும் இல்லை. நாளை சிலிண்டரில் உண்மையான கோளாறு வந்து அதே விளக்கு எரிந்தால், அதையும் "பழைய கதைதான்" என்று ஒதுக்கிவிடும் பழக்கம் மட்டும் மிஞ்சும்.

புகைப் பரிசோதனையிலும் மாட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். பி.எஸ்.-4, பி.எஸ்.-6 (பாரத் ஸ்டேஜ் என்னும் மாசு விதிமுறைகள்) பெட்ரோல் கார்களுக்கு, நின்றபடி ஓடும்போது கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கன்வர்ட்டர் இல்லாத எஞ்சினுக்கு அந்த வரம்பு எட்டாக்கனி. சட்டமும் தெளிவாகவே இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்த்த பிரிவுப்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. மாசு விதியை மீறுவதற்குத் தனியாக 10,000 ரூபாய் வரை போகும். அபராதத்தை விடுங்கள், கார்பன் மோனாக்சைடு ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும் வாயு. சுங்கச்சாவடி வரிசையில் பின்னால் நிற்கும் பைக்காரர் அதைத்தான் மூச்சாக இழுக்கிறார்.

கன்வர்ட்டர் சக்தியைத் தின்கிறது என்ற பேச்சு எங்கிருந்து கிளம்பியது? அமெரிக்காவில் 1975 மாடல் கார்களில் அவை பரவலாக வந்தபோது, சில நிறுவனங்கள் தேன்கூட்டு அமைப்புக்குப் பதிலாகச் சிறு உருண்டைகளைப் பெட்டியில் கொட்டி நிரப்பிய வகையைப் பொருத்தின. உருண்டைகளுக்கிடையே புகை முட்டி மோதித்தான் போக வேண்டும். ஈயமில்லாத பெட்ரோலுக்காக எஞ்சின்களின் அமுக்க விகிதத்தையும் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்ற அளவு) குறைத்திருந்தார்கள். இரண்டும் சேர்ந்து கார்கள் மந்தமாயின, பழி கன்வர்ட்டர்மேல் விழுந்தது. உருண்டைகள் ஒழிந்தும் பழி ஒழியவில்லை.

ஈயத்தைக் கைவிட்டதற்கும் இதே கன்வர்ட்டர் ஒரு முக்கியக் காரணம். பெட்ரோலில் கலந்த ஈயம் உலோகத் துகள்களின்மேல் படிந்து அவற்றைச் செயலிழக்கச் செய்துவிடும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் விற்கும் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வர்ட்டர் கட்டாயமானது. நாடு முழுக்க ஈயமில்லாப் பெட்ரோல் வந்தது 2000 பிப்ரவரியில்தான். இடைப்பட்ட காலத்தில் சென்னையில் வாங்கிய கார் வெளியூர்களில் ஈயப் பெட்ரோலைச் சில டேங்க் குடித்திருந்தால், அதன் கன்வர்ட்டர் வெறும் இரும்புப் பெட்டிதான்.

இப்போது முதலில் பார்த்த காருக்கு வருவோம். கன்வர்ட்டர் தானாக அடைத்துக்கொள்வதில்லை, எஞ்சின்தான் அதை அடைக்கிறது. தேய்ந்த ஸ்பார்க் பிளக்கோ சோர்ந்துபோன இக்னிஷன் காயிலோ காரணமாக ஒரு சிலிண்டர் எரியாமல் விட்டால், அந்தப் பெட்ரோல் அப்படியே போய்க் கன்வர்ட்டருக்குள் எரியும். 900 டிகிரியைத் தாண்டினால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பருத்துவிடும், பரப்பு போய்விடும். 1,400 டிகிரியைத் தாண்டிவிட்டால் பீங்கானே உருகும். அப்படி உருகிய ஒன்றை அறுத்துப் பார்த்தால் ஓரத்தில் குழல்கள் ஒழுங்காக இருக்கும், நடுவே மட்டும் கறுத்த கண்ணாடிக் கட்டிபோல் இறுகியிருக்கும். ஆயில் குடிக்கும் எஞ்சின் வேறு வகையில் கெடுக்கிறது. ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் குழல்களின் முகப்பில் சாம்பலாகப் படிகிறது. கலப்படப் பெட்ரோல், அடியில் இடிக்கும் வேகத்தடை ஆகியவையும் தம் பங்கைச் செய்கின்றன.

எனவே கழற்றுவதற்கு முன் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். முன் ஆக்சிஜன் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளையில் அழுத்தமானியைப் பொருத்தி, எஞ்சினை நிமிடத்துக்கு 2,500 சுற்றில் ஓடவிட்டால், நல்ல கன்வர்ட்டரில் புகைக்கான எதிரழுத்தம் 3 பி.எஸ்.ஐ.-க்குள் (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு) அடங்கும். ஏறிக்கொண்டே போனால் அடைப்பு உறுதி. ரப்பர் சுத்தியலால் தட்டும்போது உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் பீங்கான் உடைந்துவிட்டது என்று பொருள்.

மாற்றுவதென்றால், அடைப்புக்குக் காரணமான பிளக்கையோ காயிலையோ ஆயில் கசிவையோ முதலில் சரிசெய்யுங்கள். இல்லாவிட்டால் புதியதும் அதே வழியில் போகும். அண்மைக் கால கார்கள் பலவற்றில் கன்வர்ட்டர் எஞ்சினை ஒட்டியே இருக்கும். 250, 300 டிகிரிக்குச் சூடேறினால்தான் அது வேலையைத் தொடங்கும் என்பதால் அந்த இடம். அதனால் மேனிஃபோல்டோடு (சிலிண்டர்களின் புகையை ஒன்றுசேர்க்கும் குழாய்) சேர்த்து மாற்ற வேண்டிவரும், செலவு கூடும். மலிவாகக் கிடைக்கும் மாற்றுப் பொருள்களில் உலோகப் பூச்சு குறைவு, சில மாதங்களில் மறுபடி விளக்கு எரிய வாய்ப்பு உண்டு. சதுர அங்குலத்துக்கு 200 குழல்கள் கொண்ட உலோகத்தகட்டு வகையை வேகப் பிரியர்கள் விரும்புகிறார்கள். தடை குறையும், சுத்திகரிப்பும் குறையும். எதை வாங்கினாலும் விலை பேசுவதற்கு முன் டார்ச் அடித்து உள்ளே தேன்கூடு இருக்கிறதா என்று பாருங்கள், வெறும் கூடுகளும் விற்பனைக்கு உண்டு.

கழற்றிய பழையதை மட்டும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். 2021-இல் ரோடியம் ஒரு அவுன்ஸ் 29,000 டாலரை எட்டியது. பிறகு விலை வெகுவாக இறங்கினாலும், உருகிய கன்வர்ட்டரில்கூட அந்த உலோகங்கள் பெரும்பாலும் உள்ளேதான் இருக்கின்றன. "அந்தக் குப்பை எதற்கு சார்?" என்று கேட்கும் பழைய இரும்பு வியாபாரிக்கு அது நன்றாகவே தெரியும். புதியதன் விலையில் அதைக் கழித்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.