அப்சர்வேட்டரி: வானாய்வகமா, நோக்ககமா?

ஹவாய்த் தீவில் மௌனா லோவா என்ற எரிமலை இருக்கிறது. ஹவாய் மொழியில் ‘மௌனா’ என்றால் மலை, ‘லோவா’ என்றால் நீண்ட. நம் வழக்கில் நெடுமலை. அதன் வடசரிவில் 3,397 மீட்டர் உயரத்தில் இருக்கும் அப்சர்வேட்டரியைத் தமிழில் ‘வானாய்வகம்’ என்று எழுதினால், படிப்பவர் மனத்தில் முதலில் வருவது தொலைநோக்கிதான். பெரிய தொலைநோக்கிகள் வரிசையாக நிற்பது பக்கத்து மலையான மௌனா கேயாவில். மௌனா லோவா நிலையத்தின் முதன்மை வேலை காற்றை அளப்பது.

சொல்லின் மூலம் லத்தீன். ‘ஓப்’ என்றால் எதிரே, ‘செர்வாரே’ என்றால் காத்தல். ஒன்றின் முன்னால் நின்று கண்ணும் கருத்துமாகக் காவல் இருப்பதுதான் மூலப்பொருள். ரிசர்வ் வங்கியிலும் ரயில் ரிசர்வேஷனிலும் உள்ள ‘சர்வ்’ இதே வேர். 1667-இல் பாரிசிலும் 1675-இல் கிரீனிச்சிலும் அரசு நிலையங்கள் எழுந்தபோது விண்மீன்களைப் பார்ப்பதே அவற்றின் வேலை. அதனால் ‘வான்’ என்ற எண்ணம் இந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டது. சொல்லுக்குள் வானம் எங்கும் இல்லை.

‘ஆய்வகம்’ என்பதிலும் சிக்கல் உண்டு. ஆய்வகத்தில் பொருளைக் கலக்குகிறோம், சூடாக்குகிறோம், மாற்றிப் பார்க்கிறோம். இங்கே எதையும் மாற்றக்கூடாது. வருவதை வந்தபடி பதிய வேண்டும், அதுவும் விடாமல்.

அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங் 1958 மார்ச்சில் மௌனா லோவாவில் கரியமில வாயுவைத் தொடர்ந்து அளக்கத் தொடங்கினார். முதல் அளவு, பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 313 பங்கு. வெப்பமண்டலக் கடலின் நடுவே இவ்வளவு உயரத்தில், ஊர்ப்புகையும் காட்டின் மூச்சும் அதிகம் எட்டாத, நன்றாகக் கலந்த காற்று கிடைக்கும் என்பதால்தான் இந்த இடம். ஆனாலும் இரவில் மேலிருந்து இறங்கும் காற்று எரிமலையின் சொந்த வாயுவைக் கொண்டுவரும். பிற்பகலில் கீழிருந்து ஏறும் காற்று, செடிகொடிகள் வாயுவை உறிஞ்சிய பிறகு மேலே வரும். அந்த நேரத்து அளவுகளை அடையாளம் கண்டு ஒதுக்கிவிட்டுத்தான் சராசரி எடுக்கிறார்கள். எதைப் பார்ப்பது என்பதைவிட எதைக் கணக்கில் சேர்க்காமல் விடுவது என்று தெரிவதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படி ஒதுக்கி எடுத்ததில்தான் இரண்டு உண்மைகள் தெளிவாகத் தெரிந்தன. வட அரைக்கோளத்தின் தாவரங்கள் தழைக்கும்போது அளவு இறங்குகிறது, அப்புறம் ஏறுகிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் உச்சம், செப்டம்பரை ஒட்டித் தாழ்வு. அந்த ஏற்ற இறக்கத்தோடு சேர்ந்தே வரைபடத்தின் முழுக்கோடும் மேலே போய்க்கொண்டிருக்கிறது. 2025 மே மாதச் சராசரி 430-ஐத் தாண்டியது. ஓரிரு ஆண்டு அளந்து நிறுத்தியிருந்தால் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. நிறுத்தவும் பார்த்தார்கள்: 1964-இல் பணம் வெட்டப்பட்டுச் சில மாதங்கள் அளவே இல்லை. 2022 நவம்பரில் எரிமலை வெடித்து, எரிகுழம்பு சாலையையும் மின்கம்பிகளையும் அறுத்தபோது, மௌனா கேயாவில் தற்காலிகமாக அளந்து தொடர்ச்சியைக் காப்பாற்றினார்கள்.

இந்தக் காவலைச் சொல்ல ‘நோக்கு’ என்ற வேர் மிகப் பொருத்தம். நோக்குதல் வெறும் பார்வை இல்லை. ‘வானோக்கி வாழும் உலகெல்லாம்’ என்ற குறளில் அது எதிர்பார்த்துக் காத்திருக்கும் பார்வை. அகராதிகள் பாதுகாத்தல் என்ற பொருளையும் தருகின்றன. மலையாளத்தில் இன்றும் குழந்தையை ‘நோக்குவது’ என்றால் பார்த்துக்கொள்வது. லத்தீனின் ‘செர்வாரே’ இருக்கும் இடத்திலேயே நம் சொல்லும் நிற்கிறது. ஆகவே என் தேர்வு நோக்ககம். இந்த நிலையத்துக்கு, வளிமண்டல நோக்ககம். சிலர் எழுதும் ‘நோக்காய்வகம்’ தவறில்லை, ‘ஆய்வு’ அதில் மிகை. இலங்கைத் தமிழில் வழங்கும் ‘அவதான நிலைய’மும் பொருளில் சரியானதே.

இந்த வேலையைக் குறிக்கும் இன்னொரு சொல்லான மானிட்டரிங் என்பதற்கு ‘கண்காணிப்பு’ நிலைத்துவிட்டது. தோட்டங்களில் ஆட்களை வேலை வாங்கிய கண்காணியின் நினைவு அதில் இன்னும் இருக்கிறது. கேமரா, காவல்துறை வாடையும் சேர்ந்துவிட்டது. காற்றைப் பற்றி எழுதும்போது ‘நெடுங்காலத் தொடர் அளவீடு’ என்பதே எனக்குப் பிடிக்கிறது.

ஹவாயிலேயே 1912 முதல் இன்னோர் அப்சர்வேட்டரியும் இயங்கிவருகிறது. அது பார்ப்பது எரிமலைகளை, அதாவது தரையை. ‘எரிமலை வானாய்வகம்’ என்று எழுதினால் பொருளே கெட்டுவிடும். ‘எரிமலை நோக்ககம்’ என்றால் எந்த விளக்கமும் இல்லாமலே புரியும்.