மொழியாட்டம்: இதில் எங்கே ஐயா விளையாட்டு?

"எல்லாம் வெறும் வார்த்தை விளையாட்டுதான்னு விட்கன்ஸ்டைனே சொல்லிட்டாரே!" இந்த வசனத்தைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஆஸ்திரியாவில் பிறந்து கேம்பிரிட்ஜில் கற்பித்த அந்த மெய்யியலாளர் அப்படிச் சொல்லவே இல்லை. பழியில் பாதி மொழிபெயர்ப்பைச் சேரும்.

அவர் ஆண்ட மூலச்சொல் ஜெர்மன்: ஷ்ப்ராக்ஷ்பீல். முன்பாதி மொழி, பின்பாதி ஆட்டம். 1930களில் கேம்பிரிட்ஜ் மாணவர்களுக்குச் சொல்லி எழுதவைத்த குறிப்புகளிலேயே இந்தக் கருத்து உண்டு. முழு உருவம் கிடைப்பது, அவர் இறந்து ஈராண்டு கழித்து 1953இல் வந்த 'மெய்யியல் ஆய்வுகள்' நூலில். அவருடைய மாணவி எலிசபெத் ஆன்ஸ்கம் அதை ஆங்கிலத்தில் 'லாங்குவேஜ் கேம்' ஆக்கினார். நம்மவர்கள் 'கேம்' என்பதைப் பார்த்தார்கள், 'விளையாட்டு' என்று போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

'வார்த்தை விளையாட்டை' எளிதில் தள்ளிவிடலாம். அது சிலேடைக்கும் குறுக்கெழுத்துக்கும் உரியது. 'மொழி விளையாட்டு'தான் ஊன்றிப்போனது, அதனால் தொல்லையும் பெரிது. விளையாட்டு என்றதும் தமிழ்க் காதில் என்ன விழுகிறது? 'விளையாட்டாகச் சொன்னேன்' என்றால் பொருட்படுத்தாதே என்று அர்த்தம். விளையாட்டுப் பிள்ளை என்றால் பொறுப்பில்லாதவன். 'விளையாட்டு வினையாகும்' என்ற பழமொழி இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறது. விட்கன்ஸ்டைனோ வினையில்தான் தொடங்குகிறார்.

நூலின் 2ஆம் பத்தியைப் பாருங்கள். ஒரு கொத்தனார், ஓர் உதவியாள். மொழியில் மொத்தமே நான்கு சொற்கள்: கல், தூண், பலகை, உத்தரம். கொத்தனார் 'பலகை' என்று குரல் கொடுத்ததும் உதவியாள் அதைத் தூக்கி வருகிறான். அந்தச் சொல்லுக்கு அகராதிப் பொருள் தேடி என்ன பயன்? கூப்பிடுவது, தூக்குவது, வைப்பது எல்லாம் சேர்ந்தால்தான் அது மொழி. சொல்லும் அதோடு பின்னிக் கிடக்கும் செயலும் சேர்ந்த முழுமைக்குத்தான் 7ஆம் பத்தியில் அந்தப் பெயரை வைக்கிறார். முதுகொடியக் கல் சுமப்பவனிடம் போய் 'இது ஒரு விளையாட்டு' என்று சொல்லிப் பாருங்கள். 23ஆம் பத்தியில் பட்டியல் நீள்கிறது: கட்டளையிடுதல், கதை கட்டுதல், விடுகதை அவிழ்த்தல், நன்றி சொல்லுதல், சபித்தல், தொழுதல். நகைச்சுவையும் உண்டு, ஆனால் பலவற்றில் ஒன்றாக.

நான் எழுதுவது 'மொழியாட்டம்'. சீட்டாட்டம், பந்தாட்டம், கரகாட்டம் எல்லாமே ஆட்டம். கூத்து நடந்தால் 'இன்னைக்கு ராத்திரி ஆட்டம்' என்கிறோம். ஜெர்மன் ஷ்பீலும் இப்படித்தான், நாடகம்வரை நீளும். விதி என்ற எண்ணமும் கூடவே வருகிறது: அழுகுணி ஆட்டம் என்று யாரைச் சொல்கிறோம்? 'ரொம்ப ஆடாதே' என்பதிலும் ஆட்டம்தானே இருக்கிறது என்பார்கள். இருக்கட்டும், அதோடு யாரும் குழப்பிக்கொள்ளப் போவதில்லை. 'மொழியாடல்' காதுக்கு இனிமைதான். ஆனால் 'சொல்லாடல்' ஏற்கெனவே 'டிஸ்கோர்ஸ்' என்ற வேறொரு கோட்பாட்டுக்குப் பட்டா போட்டுக் கொடுக்கப்பட்டுவிட்டது. பக்கத்திலேயே இன்னொரு வீடு கட்டினால் தபால்காரர் திண்டாடுவார்.

இந்தக் குழப்பம் ஏன் இவ்வளவு பரவியது? நம்மில் பலருக்கு இச்சொல் விட்கன்ஸ்டைனிடமிருந்து வரவில்லை. பிரெஞ்சு மெய்யியலாளர் லியோதார் 1979இல் இதை எடுத்து ஆண்டார். அங்கிருந்து பின்நவீனத்துவக் கட்டுரைகள் வழியாக இங்கே இறங்கியது. வரும்போதே கொத்தனாரையும் கல்லையும் உதிர்த்துவிட்டு வந்தது. மூலத்தைப் புரட்டாமல் ஆங்கிலத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதற்கும் அகராதியில் முதலில் கிடைத்த சொல்லைப் பொறுக்கிப் போடுகிறவர்களை என்ன சொல்ல?

ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே அம்சம் கிடையாது, உடல்வாகும் கண்ணின் நிறமும் நடையும் ஒரு குடும்பத்தாரிடம் மாறி மாறித் தென்படுவதுபோல ஒத்திருக்கின்றன என்று 66, 67ஆம் பத்திகளில் விட்கன்ஸ்டைன் சொல்கிறார். இதையும் 'குடும்ப ஒப்புமை' என்று எழுதிவைத்திருக்கிறார்கள். 'சாயல்' என்று ஒரு சொல் இருக்கிறதே! இவர்கள் வீட்டில் குழந்தை பிறந்தால் 'யாரோட ஒப்புமை?' என்றா கேட்கிறார்கள்?