கலைச்சந்தையில் அரங்கு எடுக்கும் முன்: தனித்து இயங்கும் கலைஞர்கள் போட வேண்டிய கணக்கு

ஓவியர்களுக்கும் சிற்பிகளுக்கும் கண்காட்சி, விற்பனை, ஒப்பந்தம் ஆகியவற்றில் ஆலோசனை சொல்வது என் தொழில். எந்தக் கேலரியையும் சாராமல் தனித்து இயங்கும் கலைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, கலைச்சந்தையில், அதாவது பலர் அரங்கு அமைத்துச் சில நாட்கள் படைப்புகளைக் காட்டி விற்கும் நிகழ்ச்சியில், சொந்தமாக அரங்கு எடுக்கலாமா என்பதுதான். பெரும்பாலும் இந்தக் கேள்வி தாமதமாகவே வருகிறது. விண்ணப்பக் கட்டணம் கட்டியாகிவிட்டது, தேர்வான செய்தியும் வந்துவிட்டது, அரங்குக்கான முன்பணத்தை மூன்று நாளில் செலுத்த வேண்டும் என்ற நிலையில் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் மனம் ஏற்கெனவே முடிவெடுத்துவிட்டிருக்கும். கணக்கு அதற்குப் பின்னால் ஓட வேண்டியிருக்கும். முடிவுக்கு முன்னால் கணக்கு வர வேண்டும் என்ற அக்கறையில்தான் இதை எழுதுகிறேன்.

எல்லாக் கலைச்சந்தைகளும் ஒரே வகையானவை அல்ல என்பது முதலில் தெரிய வேண்டும். இன்று நாம் அறிந்த வடிவிலான கலைச்சந்தை 1967இல் ஜெர்மனியின் கொலோன் நகரில் 18 கேலரிகளோடு தொடங்கியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1970இல், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்துக் கேலரிக்காரர்கள் ஆர்ட் பாசலைத் தொடங்கினார்கள். 2003இல் லண்டனில் ஃப்ரீஸ் வந்தது. இவை கேலரிகளுக்கான சந்தைகள்; கேலரிகள்தாம் விண்ணப்பிக்க முடியும், தனிக் கலைஞரின் விண்ணப்பத்துக்கு அங்கே இடமில்லை. இந்த மூடிய கதவை எதிர்த்துத்தான் 1970இல் ஜெர்மன் கலைஞர்களான யோசஃப் பாய்ஸும் கிளவுஸ் ஷ்டேக்கும் வேறு சிலரும் கொலோன் சந்தை நடந்த கட்டடத்தின் கண்ணாடிக் கதவைச் சாவிகளால் தட்டினார்கள். மறுபுறத்தில், கலைஞர்கள் நேரடியாகப் பங்கேற்கும் மரபு இவற்றைவிடப் பழையது. நடுவர் குழுவும் இல்லை, பரிசும் இல்லை என்ற கொள்கையோடு பாரிஸில் 1884இல் தொடங்கிய சுயேச்சைக் கலைஞர்களின் கண்காட்சியில் ஓவியர்கள் ஸெராவும் சின்யாக்கும் பங்கேற்றார்கள். பொருளாதார நெருக்கடியின் நடுவே, 1931இல், நியூயார்க்கின் வாஷிங்டன் சதுக்கத்தில் திறந்தவெளிக் கலைக் கண்காட்சி தொடங்கியது. கலைஞர்களுக்கே அரங்கு தரும் தி அதர் ஆர்ட் ஃபேர் 2011இல் லண்டனில் உருவானது. ஆகவே ஒரு சந்தையின் பெயரைக் கேட்டவுடன், அதன் விதிமுறைகளில் விண்ணப்பிக்கும் தகுதி யாருக்கு என்பதைப் பாருங்கள். கேலரிகளுக்கான சந்தையில் உங்கள் படைப்பு இடம்பெற வேண்டுமானால் ஒரு கேலரியின் வழியாகத்தான் போக முடியும். இந்தக் கட்டுரை கலைஞரே பணம் கட்டி, கலைஞரே நின்று விற்கும் சந்தையைப் பற்றியது.

அப்படிப்பட்ட சந்தையின் பெரிய கவர்ச்சி, விற்கும் தொகை முழுவதும் நமக்கே என்ற எண்ணம். கேலரி வழியாக விற்றால் விலையில் ஏறக்குறைய பாதி கேலரிக்குப் போவது உலகெங்கும் வழக்கம். அந்தப் பாதியை மிச்சப்படுத்தலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதி காற்றில் கரைந்துபோன பணம் அல்ல. வாடகை, விளக்கு, விளம்பரம், காப்பீடு, வாங்குபவரோடு ஆண்டுக்கணக்கில் பேணும் தொடர்பு, விலையைப் பேசும் துணிவு, பணம் வராவிட்டால் துரத்திக் கேட்கும் வேலை எல்லாம் அதில் அடங்கியிருக்கின்றன. சந்தையில் அரங்கு எடுக்கும் கலைஞர் இந்த வேலைகள் அனைத்தையும் தாமே ஏற்கிறார். போதாததற்கு, சில சந்தைகள் அரங்குக் கட்டணத்தோடு விற்பனையிலும் கமிஷன் எடுக்கின்றன. விதிமுறையில் அது எங்கோ ஒரு வரியில் இருக்கும்.

இனி செலவு. அரங்குக் கட்டணம் மட்டுமே செலவு என்று நினைப்பது மிகப் பரவலான பிழை. என்னிடம் கணக்கைக் கொண்டுவந்து காட்டிய கலைஞர்கள் பலருக்கு அரங்குக் கட்டணத்துக்கு நிகரான இன்னொரு தொகை மற்ற வகைகளில் போயிருந்தது. மூலை அரங்குக்குத் தனிக் கட்டணம் உண்டு. கூடுதல் சுவருக்கும், கூடுதல் விளக்குக்கும், மின் இணைப்புக்கும், சுவருக்கு வண்ணம் பூசுவதற்கும், பெட்டிகளை வைக்கும் கிடங்குக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். பிரேம் போடுவது, மரப்பெட்டி அடிப்பது, வண்டி, ஏற்றி இறக்கும் ஆள், போகும்போதும் வரும்போதும் காப்பீடு, தங்கும் இடம், அட்டை வழியாகப் பணம் பெறும் கருவிக்கான கட்டணம், அச்சிட்ட விவரத் தாள்கள் என்று பட்டியல் நீளும். வேறு நாட்டில் நடக்கும் சந்தை என்றால் சுங்கம் சேரும். பொருளைத் தற்காலிகமாக எடுத்துச் சென்று திரும்பக் கொண்டுவர உதவும் ஏடிஏ கார்னே என்ற ஆவணம் உண்டு. ஆனால் அதை நம்பி எடுத்துச் சென்ற ஓவியம் அங்கேயே விற்றுவிட்டால் இறக்குமதி வரியைக் கட்டி முறைப்படுத்த வேண்டும். இவை எல்லாவற்றையும்விடக் கலைஞர்கள் எழுத மறக்கும் செலவு ஒன்று இருக்கிறது: சந்தைக்கு முன்னும் பின்னும் ஸ்டுடியோவில் தூரிகையைத் தொடாமல் போகும் வாரங்கள்.

மொத்தச் செலவு கைக்கு வந்தபின், எத்தனை படைப்புகள் விற்றால் அது திரும்பும் என்று பாருங்கள். நாணயத்தை விட்டுவிட்டு வெறும் பங்குகளாகச் சொல்கிறேன். மொத்தச் செலவு 100 பங்கு. உங்கள் நடுத்தர அளவு ஓவியத்தின் விலை 20 பங்கு. அதில் துணி, வண்ணம், பிரேம் ஆகியவற்றுக்கு 5 போகிறது, சந்தையின் கமிஷன் 15 விழுக்காடு என்று வைத்தால் 3 போகிறது, மிஞ்சுவது 12. அப்படியானால் ஒன்பது ஓவியங்கள் விற்றால்தான் போட்ட பணம் வரும். இப்போது சுவரை அளந்து பாருங்கள். மூன்று மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் ஆழமும் கொண்ட அரங்கில் மூன்று பக்கச் சுவர்களும் சேர்ந்து ஏழு மீட்டர். 80 சென்டிமீட்டர் அகலமுள்ள ஓவியங்களை மூச்சுவிட இடம் கொடுத்து மாட்டினால் நான்கோ ஐந்தோதான் கொள்ளும். அதாவது சுவரில் இருப்பதை முழுவதும் விற்று, மறுபடி மாட்டியதையும் ஏறக்குறைய முழுவதும் விற்றால்தான் நட்டமில்லை. இலாபம் அதற்குப் பிறகுதான். இந்த எளிய பெருக்கலைக் காகிதத்தில் போட்ட பிறகு முடிவை மாற்றிக்கொண்ட கலைஞர்கள் உண்டு. துணிந்து போனவர்களும் உண்டு. போனவர்கள் கண்ணைத் திறந்துகொண்டு போனார்கள் என்பதே எனக்கு நிறைவு.

இந்தக் கணக்கைச் சரிக்கட்டச் சிறிய படைப்புகளும் அச்சுப் பிரதிகளும் கொண்டுபோகலாம் என்று அடுத்ததாகத் தோன்றும். அது நியாயமான வழிதான், ஆனால் அதற்கும் ஒரு விலை இருக்கிறது. சந்தைக்காக மட்டும் அவசரமாகச் செய்த சிறிய ஓவியங்கள் மற்ற ஓவியங்களின் பக்கத்தில் வைத்தால் தனியாகத் தெரியும். கூர்ந்து பார்ப்பவர் அதைச் சொல்லாமலே நகர்ந்துவிடுவார். அச்சுப் பிரதி என்றால் எத்தனை பிரதிகள் என்று முன்கூட்டியே அறிவித்து, எண்ணிட்டு, கையொப்பமிட்டு, அதற்கு மேல் ஒன்றுகூட எடுக்காதிருக்கும் ஒழுக்கம் வேண்டும். விலையிலும் இதே ஒழுக்கம் தேவை. ஸ்டுடியோவில் ஒரு விலை, சந்தையில் வேறொரு விலை, கடைசி நாள் மாலையில் இன்னொரு விலை என்றால், முதல் நாள் முழு விலை கொடுத்தவர் உங்களிடம் இனி வரமாட்டார். ஏற்கெனவே ஏதேனும் கேலரியோடு ஒப்பந்தம் இருந்தால், நேரடியாக விற்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே எழுத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

எல்லாக் கலையும் சந்தைக்குப் பொருந்தாது என்பதையும் மனம் நோகாமல் ஏற்க வேண்டும். நூற்றுக்கணக்கான அரங்குகள் உள்ள இடத்தில் பார்வையாளர் ஓர் அரங்கின் முன் நிற்பதா நடப்பதா என்பதைச் சில நொடிகளில் முடிவு செய்கிறார். ஒரே சிந்தனையிலிருந்து பிறந்த, ஒன்றையொன்று தாங்கி நிற்கும் படைப்புகள் அந்த நொடிகளில் பேசிவிடும். ஐந்து பாணிகளில் ஐந்து ஓவியங்கள் பேசாது. ஓர் இடத்தையே படைப்பாக அமைக்கும், இருட்டும் நிசப்தமும் வேண்டும் நிறுவுகலைக்கும், நீண்ட நேரம் பார்க்க வேண்டிய காணொளிப் படைப்புக்கும் அந்த இரைச்சல் அநீதி செய்கிறது. அத்தகைய கலைஞர்கள் சந்தையில் விற்காமல் திரும்பினால் அது அவர்களுடைய கலையின் குறை அல்ல. ஆனால் நான் பார்த்தவரை, அப்படித் திரும்பும் கலைஞர் தம் கலையைத்தான் முதலில் சந்தேகிக்கிறார். அந்தச் சேதம் எந்தச் செலவுக் கணக்கிலும் வராது. அதைத்தான் நான் பணத்தைவிட அதிகம் அஞ்சுகிறேன்.

இவ்வளவையும் சொன்ன பிறகும், கலைச்சந்தையால் உண்மையாகவே வளர்ந்த கலைஞர்களை நான் அறிவேன். அவர்களுக்குப் பொதுவாக இருந்த தன்மை, சந்தை முடிந்த மறுநாள் அவர்களுடைய வேலை தொடங்கியது என்பது. அரங்குக்கு வந்தவர்களில் யார் எந்த ஓவியத்தின் முன் நின்றார், என்ன கேட்டார், எந்த அளவுச் சுவருக்குத் தேடுகிறார் என்பதை அன்றைக்கே குறித்துவைத்தார்கள். அனுமதி பெற்று மின்னஞ்சல் முகவரி வாங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினார்கள். ஓவியம் வாங்குவது பலருக்கும் ஒரே பார்வையில் நடக்கும் செயல் அல்ல. முதலில் பார்த்து, பிறகு பின்தொடர்ந்து, ஸ்டுடியோவுக்கு வந்து, மாதங்கள் கழித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். கண்காட்சிப் பொறுப்பாளரோ, கட்டட வடிவமைப்பாளரோ, ஒரு சிறிய கேலரியின் உரிமையாளரோ கொடுத்த முகவரி அட்டை, அந்தச் சந்தை நாட்களின் விற்பனையைவிடப் பெரிதாக மாறுவதும் உண்டு. ஆனால் அப்படி மாறுவதற்கு அதே சந்தையில் அடுத்தடுத்த ஆண்டுகளில் உங்களைப் பார்க்க வேண்டும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். ஆகவே ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்ற முயற்சி பெரும்பாலும் பாதி முயற்சி. இரண்டு முறை போகும் வசதி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வதே நேர்மையான கேள்வி.

அதனால் என் அளவுகோல் இதுதான்: மொத்தச் செலவில் ஒரு துளிகூடத் திரும்பாவிட்டாலும் அடுத்த ஆண்டு நீங்கள் வண்ணம் வாங்க முடியும், வாடகை கட்ட முடியும், வேலையைத் தொடர முடியும் என்றால் போகலாம். கடன் வாங்கி, விற்பனையை நம்பி அந்தக் கடனை அடைப்பதாகத் திட்டமிட்டால் போக வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். இதில் நான் யாருக்கும் விதிவிலக்கு தருவதில்லை.

ஒரு எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் விண்ணப்பிக்காமலே, உங்கள் படைப்பைச் சமூக ஊடகத்தில் பார்த்து வியந்ததாகவும், உலகப் புகழ்பெற்ற நகரத்தில் நடக்கும் சந்தைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டதாகவும் மின்னஞ்சல் வரும். இரண்டாம் பத்தியில் கட்டணம் இருக்கும். அத்தகைய ஏற்பாட்டாளருக்கு வருமானம் கலைஞர்களின் கட்டணத்திலிருந்தே வந்துவிடுகிறது. வாங்குபவர்களை வரவழைக்கும் தேவை அவருக்கு இல்லை. எனவே எந்தச் சந்தையானாலும், யாருடைய பணத்தில் அது ஓடுகிறது என்று கேளுங்கள். பார்வையாளர் சீட்டு வாங்கி வருகிறார்களா, தேர்வுக் குழுவில் இருப்பவர்களின் பெயர் வெளிப்படையாக இருக்கிறதா, சென்ற முறை பங்கேற்றவர்களின் பட்டியல் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஏற்பாட்டாளர் அனுப்பும் பாராட்டு மொழிகளை விட்டுவிட்டு, சென்ற முறை பங்கேற்ற கலைஞர்களில் சிலரை நீங்களே தேர்ந்தெடுத்து எழுதிக் கேளுங்கள். அதிகம் விற்காதவர்கள்தாம் விவரமாகப் பதில் எழுதுவார்கள்.

ஒப்பந்தத்தில் நிகழ்ச்சி ரத்தானால் பணம் எவ்வளவு, எப்போது திரும்பும் என்ற பிரிவைக் கட்டாயம் படியுங்கள். 2020 மார்ச்சில் நடக்கவிருந்த ஹாங்காங் ஆர்ட் பாசல் பெருந்தொற்றால் அதற்கு முந்தைய மாதமே ரத்தானது. அவ்வளவு பெரிய சந்தைக்கே அது நேர்ந்தது என்றால், சிறிய ஏற்பாட்டாளரிடம் கொடுத்த முன்பணம் எங்கே போகும் என்பதை எழுத்தில் தெரிந்துகொள்வது அவசியம். அரங்கின் இடத்தைத் தரைப்படத்தில் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள். உங்கள் ஓவியத்தின் படத்தை விளம்பரத்துக்கு எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள் என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். விற்பனை ரசீதில், ஓவியம் கைமாறினாலும் அதன் பதிப்புரிமை உங்களிடமே இருக்கிறது என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள்.

தனியாக அரங்கு எடுக்க முடியாதவர்கள் இரண்டு மூன்று பேர் சேர்ந்து எடுக்கலாம். சந்தையின் விதி அதை அனுமதிக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவு பிரிவதோடு, காலை முதல் இரவு வரை அரங்கில் ஒருவர் நிற்கும் பொறுப்பும் பிரியும். அந்நியரோடு பேசத் தயங்குகிற கலைஞருக்கு இது பெரிய ஆறுதல். ஸ்டுடியோவைச் சில நாட்கள் பொதுமக்களுக்குத் திறந்துவைப்பதும், நண்பர்கள் சேர்ந்து ஒரு கூடத்தை வாடகைக்கு எடுப்பதும் குறைந்த செலவில் அதே தொடர்புகளைத் தொடங்கிவைக்கும். எதைச் செய்வதானாலும், நீங்கள் விரும்பும் சந்தைக்கு முதலில் ஓராண்டு பார்வையாளராகச் சென்று வாருங்கள். கூட்டம் நிறைந்த திறப்பு விழா மாலையில் போகாமல், கடைசி நாள் பிற்பகலில் போங்கள். உங்களைப் போன்ற படைப்புகள் உள்ள அரங்குகளில் விற்றுவிட்டதைக் காட்டும் குறி எத்தனை சட்டகங்களின் பக்கத்தில் இருக்கிறது, எந்த அளவும் எந்த விலையும் போயிருக்கின்றன, நிற்பவர்கள் வாங்க வந்தவர்களா வேடிக்கை பார்க்க வந்தவர்களா என்று கவனியுங்கள். அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டு மேலே சொன்ன பெருக்கலைப் போட்டுப் பார்த்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பத்தை நிரப்புங்கள்.